நிழல் கொத்திய சேவல்

தில்லைநாதனின் நிழலில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று இடது தோளில், ஒன்று விலாவில், ஒன்று முழங்காலுக்குக் கீழே. மூன்றையும் போட்டது அவரே கையில் வைத்து வளர்த்த சேவல். சிதம்பரம் ரயிலடிக்குக் கிழக்கே அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குழாயில் தண்ணீர் இன்றைக்கு உப்புக் கரிக்கிறது என்று சொல்கிற அதே குரலில் சொல்வார்கள். ஓட்டை என்றால் பார்வைக்கு மட்டும் ஓட்டை இல்லை. நிழல் போன இடத்துக்கு நேராக உடம்பில் உச்சி வெயில் அடித்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் படுத்தாலும் அடிக்கும். அதனால்தான் அவர் மார்கழிக் குளிரிலும் இடது தோளில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு திரிகிறார்.

அவர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். யாரையும் நம்பமாட்டார். பஸ்ஸில் போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு டிரைவரைக் கேட்பார். டிரைவர் சொன்ன பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரையும் கேட்பார். மகள் இலக்கியாவைக் கடலூர் பழைய டவுனான ஓ.டி.யில் கார்த்திகேசனுக்குக் கட்டிக்கொடுத்துப் பல வருஷமாகியும் குழந்தை இல்லாமல் இருந்தபோது, அவர் மனைவி அமிர்தம் தான் பிறந்த ஊரான ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து ஐயனாருக்கு ஒரு சேவல் விடுவதாக வேண்டிக்கொண்டாள். அந்த ஊர் வழக்கம் இது: வயிற்றில் தங்கிவிட்டது என்று தெரிந்ததும் ஒரு சேவல் குஞ்சைச் சாமி பேர் சொல்லி வீட்டில் விட வேண்டும். பிறந்த பிள்ளைக்கு முடி இறக்குகிற பங்குனி உத்திரத்தன்று, பிள்ளை தன் கையைச் சேவலின் தலையில் வைக்க வேண்டும். சேவல் அசையாமல் நின்றால்தான் சாமி வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். பிறகு அதைக் கோயில் தோப்பில் உயிரோடு விட்டுவிடுவார்கள். அதுவரைக்கும் அறுக்கக் கூடாது, விற்கக் கூடாது, கட்டிப்போடவும் கூடாது.

குஞ்சு எடுப்பதிலும் ஒரு முறை உண்டு. சாமிக்கு விடுவது சோடையாக இருக்கக் கூடாது என்று நிழல் போட்டுப் பார்ப்பார்கள். குஞ்சுகள் மேல் ஆள் நிழல் விழுந்தால் பருந்து என்று பயந்து எல்லாம் சிதறும். சிதறாமல் நிற்பதை எடுக்க வேண்டும். இலக்கியா உண்டாகியிருப்பது தெரிந்ததும் தில்லைநாதன் குறிஞ்சிப்பாடிச் சந்தையில் கூடை கூடையாக நிழலைப் போட்டுப் பார்த்தார். ஒரு செவலைக் குஞ்சு ஓடவும் இல்லை, சும்மா நிற்கவும் இல்லை. நிழலை எட்டி ஒரு கொத்துக் கொத்தியது. இதுதான் என்று தூக்கிக்கொண்டு வந்தார். வந்த நாளிலிருந்து மடியில் வைத்துத் தீனி கொடுத்தார். தோளில் உட்காரவைத்து டிவியில் செய்தி பார்த்தார். அது அவர் உள்ளங்கையைக் கொத்தும்போதெல்லாம் வீரன் என்று சிரித்தார். செய்த தப்பு எல்லாம் அந்தச் சிரிப்பில்தான் இருந்தது என்று பிற்பாடு தெருவில் பேசிக்கொண்டார்கள்.

பல வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை, அலைய வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் கடலூரிலேயே பேத்தி இளமதி பிறந்தாள். இங்கே சேவலுக்குக் காலில் முள் முளைத்தது. தை மாதத்தில் ஒரு காலை வேளை, தில்லைநாதன் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது சேவல் இறக்கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நடந்து வந்து பாய்ந்தது. காலில் பாயவில்லை. தரையில் கிடந்த நிழலின் தோளில் பாய்ந்து, ஒரு துண்டைக் கிழித்து, தலையை உதறி முழுங்கியது. அவர் எட்டி ஒரு உதை விட்டார். மறுநாள் விலா போயிற்று. அமிர்தம் பார்க்காத நேரமாக விளக்குமாற்றால் அடித்தார். முழங்காலுக்குக் கீழே போயிற்று. மீட்டர் பார்க்க வந்தவருக்கு ஒரு காது போயிற்று. பால்காரருக்கு வயிற்றில் ஒரு கைப்பிடி போயிற்று. தெரு அதற்குத் தக்கபடி பழகிக்கொண்டது. நிழல் காலடியில் ஒடுங்குகிற உச்சி வேளையில்தான் கேஸ் சிலிண்டர் வரும், தபால் வரும். அவசரமாக வருகிறவர்கள் குடை பிடித்துக்கொண்டு வந்து, குடை நிழலைத் தின்னக் கொடுத்துவிட்டு வந்த வேலையைப் பார்ப்பார்கள். அந்தக் குடைகள் பிறகு வெயிலுக்கு ஒழுகும், மழைக்கு ஒழுகாது.

ஆவணியில் இலக்கியா குழந்தையை முதல்முறையாகத் தாய்வீட்டுக்குத் தூக்கி வந்தாள். ஆட்டோவிலிருந்து இறக்கி வாசலில் நிற்கவைத்தாள். சேவல் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. கார்த்திகேசன் குழந்தையை வாரித் தூக்கினார், ஆனாலும் புளியங்கொட்டை அளவு ஒரு துண்டு, குதிகால் நிழலிலிருந்து போய்விட்டது. அன்றிலிருந்து குழந்தையின் குதிகாலில் வெயில் அடித்தது. தரையில் வைத்தால் காலைத் தூக்கிக்கொண்டு அழும். நிற்கப் பழகியிருந்த பிள்ளை நிற்பதை நிறுத்திவிட்டது.

“அது இங்க இருக்குற வரைக்கும் எம்புள்ள இந்த வாசப்படி மிதிக்காதுப்பா,” என்றாள் இலக்கியா. “உத்திரத்துக்கும் வரமாட்டோம்.”

“வேண்டுதலே அவளுக்காகத்தானடி,” என்றாள் அமிர்தம்.

“அதுக்கு அவளையே தின்னக் குடுக்கணுமா?”

வந்த ஆட்டோவே திரும்பிப் போயிற்று. அதன் பிறகு தில்லைநாதன் பேத்தியைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறிக் கடலூர் போய், சம்பந்தி வீட்டு நாற்காலியில் விருந்தாளி மாதிரி டீ குடித்துவிட்டு வர வேண்டும். குழந்தை அவரிடம் வராது. சேவலை வைத்திருந்தால் பேத்தி இல்லை, சேவலைத் தொலைத்தால் சாமி குற்றம். இந்த இரண்டுக்கும் நடுவில் மனிதர் இளைத்துப்போனார்.

பக்கத்து வீட்டுச் சர்புன்னிசா வீட்டிலும் ஒரு சேவல் இருந்தது. அவள் கணவன் தமீம் அன்சாரி ஷார்ஜாவில் இருக்கிறான், அவளும் கோழிகளும்தான் வீட்டில். அந்தச் சேவல் புழு கிடைத்தால் தான் தின்னாது. குக்குக்கென்று கோழிகளைக் கூப்பிட்டுவிட்டு ஒதுங்கி நிற்கும். சேவலுக்குத் துணையாகத் தில்லைநாதன் பிற்பாடு வாங்கி விட்ட கோழிகளுக்கு அது வதைத்த வதையில் முதுகில் இறகில்லை, அவள் கோழிகளுக்கு முதுகு மினுங்கியது. அவள் தீனியில் ஏதோ கலக்கிறாள் என்பது அவருடைய சந்தேகம். மதில் மேல் எட்டிப் பார்த்து மாட்டிக்கொண்டார்.

“என்னா மாமா, நோட்டம் பாக்குறீங்க?”

“இது எப்படிம்மா சாதுவா இருக்கு?”

“இத நான் மடியில வெச்சுக் கொஞ்சல. பெரிய சேவலோடயும் கோழிங்களோடயும் வளந்துச்சு. துள்ளுனா அதுங்களே கொத்திக் கொத்தி மரியாத சொல்லிக் குடுத்துடுச்சுங்க. உங்களுது உங்களத்தான பாத்து வளந்துச்சு. அதுக்கு நீங்க மனுசன் இல்ல மாமா, இன்னொரு சேவல்.”

“நான் சேவலா?”

“கொண்ட மட்டுந்தான் இல்ல. விடியக்காலம் எழுந்து கத்துறது, வர்றவன் போறவன முறைக்கிறது, மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு.”

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அமிர்தம் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு தட்டைக் கீழே போட்டாள்.

சர்புன்னிசா சொன்னது இதுதான். உதைத்தால் அது சண்டைக்குக் கூப்பிடுவதாக எடுத்துக்கொள்ளும். ஓடினால் ஜெயித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். இரண்டும் வேண்டாம். பாய வரும்போது நின்ற இடத்திலேயே நில்லுங்கள். அப்படியே அமுக்கிப் பிடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அது உடம்பு தளர்ந்து சும்மா இருக்கிறவரைக்கும் கீழே விடாதீர்கள். ஊர் சிரிப்பதற்காகச் சொல்கிறாள் என்றுதான் தில்லைநாதன் நினைத்தார். ஆனால் கடலூருக்குப் போன் போட்டால் இலக்கியா இரண்டு வார்த்தை பேசிவிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். புரட்டாசி பிறந்ததும் அவர் சேவலைத் தூக்கி இடுக்கிக்கொண்டார்.

அப்போதுதான் அதன் கனம் தெரிந்தது. சேவலுக்குரிய கனம் இல்லை அது. தெருவில் இறங்கி நடந்தபோது பார்த்தார்கள், சேவலின் நிழல் ஒரு கன்றுக்குட்டி அளவுக்குக் கிடந்தது. மீட்டர்காரரின் காது ஒரு பக்கம், குடைக் கம்பிகள் ஒரு பக்கம் என்று ஒட்டுப்போட்ட கோணி மாதிரி இருந்தது. மில் மூட்டை தூக்கிய உடம்பு என்பதால் அவருக்குத் தாங்கிற்று. டீக்கடைக்கு அதோடு போனார். ரேஷன் வரிசையில் அதோடு நின்றார். இடுக்கியிருக்கும்போது இரண்டு பேர் நிழலும் ஒன்றாகிவிட்டதால் அதற்குக் கொத்த ஆள் இல்லை. முதலில் திமிறியது. பிறகு முணுமுணுத்தது. பிறகு கண்ணைச் செருகிக்கொண்டு கழுத்தைத் தொங்கவிட்டது. “மாப்புள தூங்குறாரா?” என்று டீக்கடையில் கேட்பார்கள். அவர் முறைப்பார். ஆனால் விடவில்லை. கையில் வைத்துத் தீனி கொடுப்பதையும் அடியோடு நிறுத்தினார். தட்டில் போட்டுவிட்டு, அது விலகி நிற்கிறவரைக்கும் தட்டுக்கு முன்னாலேயே நின்றார். ஒரே கோழியை அது போட்டு வதைக்காதபடிக்குக் கோழிகளையும் பெருக்கினார்.

ஐப்பசியில் சேவல் இறகு உதிர்த்தது. இறகோடு நிழல்களும் உதிர்ந்தன. கரித்துணி மாதிரி கொல்லையெங்கும் கிடந்தவற்றை அமிர்தம் பெருக்கிக் கூடையில் வைத்தாள். பால்காரர் வந்து தன் வயிற்றை எடுத்துக்கொண்டு போனார். மீட்டர்காரர் அவசரத்தில் வேறு எதையோ எடுத்து வைத்துக்கொண்டதால் அவர் நிழலில் ஒரு காது குடைத்துணி மாதிரி விரிந்திருக்கிறது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தில்லைநாதனுக்குரிய மூன்றையும் அமிர்தம் எடுத்து நீட்டினாள். “எவனோடதோ,” என்று சொல்லி அவர் வாங்கவில்லை. அவள் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. அந்தத் துண்டுகள் குப்பையோடு தென்னை அடிக்குப் போயின. அந்த மரத்துக்கு இப்போது நிழல் கொஞ்சம் ஜாஸ்தி.

புளியங்கொட்டை அளவு துண்டை மட்டும் அமிர்தம் ஈரத்துணியில் சுற்றி, எவர்சில்வர் டப்பாவில் வைத்து, கடலூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். மாடி வெயிலில் குழந்தையை நிற்கவைத்துக் குதிகால் ஓரமாக அதை வைத்தாள். தண்ணீரோடு தண்ணீர் சேருகிற மாதிரி சேர்ந்துகொண்டது. குழந்தை அழுகையை நிறுத்தி, தன் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, இரண்டு எட்டு நடந்தது.

ஆனால் இலக்கியா அப்பன் மகள். “துண்டு வந்துடுச்சு, சரி. சேவல் மாறிடுச்சுன்னு யாரு சொன்னா?” என்றாள். உத்திரத்துக்கு முதல்நாள் பகலில் வந்தாள். குழந்தையைக் கார்த்திகேசனிடம் கொடுத்து ஆட்டோவிலேயே உட்காரவைத்துவிட்டு, வாசலில் தனியாக நின்று முதலில் தன் நிழலை உள்ளே போட்டாள். கொல்லையிலிருந்து சேவல் வந்தது. தில்லைநாதன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எதுவும் செய்யக் கூடாது என்று சர்புன்னிசா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சைகை காட்டினாள். சேவல் அந்த நிழலுக்குள் நடந்து வந்து, வெயிலுக்கு இதமாக இருந்ததாலோ என்னவோ, உடம்பைச் சிலிர்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.

இலக்கியா வெகுநேரம் நகரவில்லை. பிறகு போய்க் குழந்தையை இறக்கிக் கொண்டுவந்தாள். சின்ன நிழல் தத்தித் தத்தி உள்ளே வந்தது. சேவல் எழுந்து தரையில் ஒரு நெல்லைப் பொறுக்கி, கீழே போட்டு, குக்குக்கென்றது. ஒதுங்கி நின்றது. குழந்தை உட்கார்ந்து அந்த நெல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“துப்புடி,” என்றாள் இலக்கியா. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. தில்லைநாதன் தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, “வெயிலு,” என்றார்.

மறுநாள் ஐயனார் கோயிலில் மொட்டைத் தலையோடு இளமதி கையை வைத்தாள். சேவல் அசையவில்லை. தோப்பில் விட்டார்கள். போகும்போது அது திரும்பிப் பார்க்கவும் இல்லை, தில்லைநாதனும் அதை எதிர்பார்க்கவில்லை.

கோழிகளுக்கு ஒரு சேவல் வேண்டியிருந்தது. தில்லைநாதன் மறுபடியும் குறிஞ்சிப்பாடிக்குப் போனார். இந்தத் தடவை குஞ்சு பார்க்கவில்லை. தாய்க்கோழியோடும் பெரிய சேவலோடும் வளர்ந்த விடலைகளாகப் பார்த்தார். நிழலைப் போட்டார். எதிர்த்து நின்றதை விட்டார், கிலி பிடித்துக் கூடையில் மோதிக்கொண்டதையும் விட்டார். ஒன்று இரண்டடி விலகி, ‘கர்ர்’ என்று மற்றவற்றுக்குச் சத்தம் கொடுத்து, பிறகு தன்பாட்டுக்கு மேய்ந்தது. அதைக் காட்டினார்.

“சாமிக்குன்னா இது வேணாம் பெரியவரே, துடி பத்தாது,” என்றான் விற்றவன்.

“வீட்டுக்கு,” என்றார் அவர். சொன்ன பிறகும் நம்பாமல் வெயில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்.

இப்போது லீவு நாளில் இலக்கியா குழந்தையோடு வந்துவிடுகிறாள். காலை வெயிலில் தில்லைநாதன் வாசலில் நின்றால் அவர் நிழலுக்குள் மூன்று வெளிச்சக் காசுகள் விழும். இளமதி குந்தி உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் சட்டைப்பையில் போடப் பார்ப்பாள். போட்டதாக நினைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போவாள்.

“ஏன் மாமா, வெயில்ல காயிறீங்க? நிழல்ல வந்து நில்லுங்களேன்,” என்பாள் சர்புன்னிசா.

“இரும்மா. புள்ள பொறுக்கி முடிக்கட்டும்,” என்பார்.