குணமடைந்தோர்: பூஜ்யம்

படிவத்தை என்னிடம் கொடுத்தவர் நலக்குழுச் செயலாளர் பக்தவத்சலம். ஆவடியில் எங்கள் தொழிற்சாலைக்கு அப்படி ஒரு குழு உண்டு. தொழிலாளர் குடும்பத்தினர் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம், எதற்கு நிர்வாகம் செலவு தரும் என்பதை அது முடிவு செய்யும். சென்னீர்குப்பத்திலிருந்து ஓர் இல்லம் விண்ணப்பித்திருந்தது. புற்றுநோய் முற்றி, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்டவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். போய்ப் பார்த்து மதிப்பெண் போட ஓர் ஆள் வேண்டும்.

நான் தர ஆய்வுப் பிரிவில் இருந்தேன். பி.எஸ்ஸி. இயற்பியல். வயது முப்பத்தொன்று. மனைவி கஸ்தூரி இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

"உனக்கு இதுல அனுபவம் இருக்கு, பார்த்தசாரதி," என்றார் பக்தவத்சலம். எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. படிவத்தை வாங்கிக்கொண்டேன்.

அன்று மதியமே கஜபதி என் மேஜைக்கு வந்தான். மூன்றாம் ஷாப்பில் ஃபிட்டர். அவன் அப்பா துலுக்கானத்துக்கு நோய் இடுப்பெலும்புக்குப் போய்விட்டது. ஓர் அறைக் குவார்ட்டர்ஸில் அவர், கஜபதி, மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். இரண்டு மாதமாக அவர் வலியில் கத்துகிறார். பிள்ளைகள் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பாடம் படிக்கிறார்கள். குழு ஒப்புக்கொண்டால் அந்த இல்லத்தில் சேர்க்கலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் அவனுக்கு வேறு வழியில்லை.

"நல்ல எடமான்னு மட்டும் பாத்து சொல்லு சார்," என்றான். "பெத்தவர கொண்டு போய் தள்ளிட்டான்னு நாலு பேரு பேசுவாங்க. பேசட்டும். அங்கயும் நைனா கத்திகினேதான் கெடப்பாருன்னா, அப்புறம் நான் எதுக்கு சார்?"

அது திங்கட்கிழமை. குழு வெள்ளிக்கிழமை கூடும்.

எங்கள் பிரிவில் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஆய்வுக்குப் போவதில்லை. செவ்வாய் காலை பூந்தமல்லி பஸ்ஸில் ஏறிச் சென்னீர்குப்பத்தில் இறங்கினேன். நெடுஞ்சாலையை ஒட்டி, முன்பு கோழிப்பண்ணையாக இருந்த நீளமான ஓட்டுக் கூடம். சுண்ணாம்பு அடித்து ஜன்னல் வைத்திருந்தார்கள். உள்ளே பன்னிரண்டு கட்டில்கள்.

அமைதியாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். வாசலிலேயே சண்டை கேட்டது. நான்கு கட்டில்களை ஒன்றாக இழுத்துப் போட்டு நடுவில் தாயக்கட்டம் வரைந்த அட்டையை வைத்திருந்தார்கள். திருவேற்காட்டிலிருந்து வந்த வேம்புலியம்மாள், மூன்றாம் கட்டில் முனியன் ஒரு காயைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டதாகச் சாதித்துக்கொண்டிருந்தார். முனியன் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். சண்டை போட மூச்சு இல்லாததால் தலையணையைத் தூக்கிக் காட்டினார். அங்கே காய் இல்லை. ஒரு பீடிக்கட்டு இருந்தது.

கட்டில்களுக்கு இடையே குறைந்தது நான்கு அடி இருக்க வேண்டும் என்றது படிவம். ஓர் அடிகூட இல்லை. கழித்தேன். புகைபிடித்தல்: கழித்தேன். பார்வையாளர் நேரம்: அப்படி ஒன்றே அங்கே இல்லை. கழித்தேன். வளாகத்தில் விலங்குகள் இருக்கலாகாது. பண்ணைக் காலத்திலிருந்து தப்பிய ஒரு கோழி ஏழாம் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது. அது போடும் முட்டை ஏழாம் கட்டிலுக்கு உரியது என்று உடன்பாடாம். அதையும் கழித்தேன்.

தலைமை நர்ஸ் ஜமீலா என் பின்னாலேயே வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். எதையும் மறைக்கவில்லை. பீடியைப் பற்றிக் கேட்டதற்கு, ஒரு நாளைக்கு இரண்டு என்று கணக்கு, மூன்றாவது கேட்டால் திட்டுவேன் என்றார்.

கடைசிக் கட்டத்துக்கு வந்தேன். 'குணமடைந்து வீடு திரும்பியோர். குறைந்தபட்சம் நூற்றுக்கு அறுபது.' படிவம் ஆஸ்பத்திரிகளுக்காக அச்சடித்தது. குழுவிடம் இருந்தது அது ஒன்றுதான். நான் கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன்.

"பூஜ்யம் எழுதிக்கங்க சார்," என்றார் ஜமீலா. "நல்லா வட்டமா எழுதுங்க. ஆறு கீறுன்னு படிச்சிட்டு எங்களுக்குப் பரிசு கொடுத்துடப் போறாங்க."

எழுதினேன். கூட்டிப் பார்த்தால் முப்பத்தொன்று. தேற ஐம்பது வேண்டும்.

போயிருக்கலாம். போகவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தேன். படிவத்தில் இல்லாத ஒன்றை அளக்கத் தொடங்கினேன். ஒருவர் கூப்பிட்ட நொடியிலிருந்து யாராவது அவர் பக்கத்தில் வந்து நிற்கும் நொடி வரை. கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறித்தேன். நாற்பது விநாடி. ஒரு நிமிடம் பத்து. ஐம்பத்தைந்து விநாடி.

ஏழாவது முறை எழுதும்போது வேம்புலியம்மாள் பார்த்துவிட்டார்.

"இன்னா நைனா, யாரு கூப்ட்டாலும் கைய பாத்து பாத்து எழுதிகினு கீற?"

பொய் சொல்ல வேண்டிய காரணம் இல்லை. சொன்னேன். அவர் யோசித்தார். முனியன் காதில் ஏதோ சொன்னார். முனியன் பக்கத்துக் கட்டிலுக்குச் சொன்னார். அது கூடத்தின் மறுமுனை வரை போவதை நான் பார்த்தேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை.

ஐந்து நிமிடத்தில் பன்னிரண்டு பேருக்கும் ஏதோ ஒன்று தேவைப்பட்டது. முனியனுக்குத் தண்ணீர். ஐந்தாம் கட்டிலுக்குத் தலையணை. ஒருவருக்கு ஜன்னலைத் திறக்க வேண்டும், அதே ஜன்னலை அடுத்தவருக்குச் சாத்த வேண்டும். அவர்கள் நினைத்தது இவ்வளவுதான்: நிறையக் கூப்பிட்டால் ஆயா தாயம்மா நிறைய ஓடுவார், இல்லத்துக்கு மார்க் ஏறும். ஆனால் தாயம்மா ஒருவர். ஓடினார். திரும்பினார். மறுபடி ஓடினார். என் நோட்டில் ஆறு நிமிடம் வந்தது, அப்புறம் ஒன்பது நிமிடம். தாயம்மா கூடத்தின் நடுவில் தரையில் உட்கார்ந்து, ஆளை விடுங்கள் என்று கும்பிட்டுவிட்டார்.

மருந்து அறையிலிருந்து ஜமீலா வந்தார். எல்லாரும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்கள்.

"பரீச்ச நடக்குதும்மா," என்றார் வேம்புலியம்மாள் போர்வைக்குள்ளிருந்து. "ஒனக்கு மார்க் வாங்கித் தரோம்."

ஜமீலா என் நோட்டை எட்டிப் பார்த்தார். "வாங்கிட்டீங்க. ஒம்போது நிமிஷம். ஃபெயில்."

"சார்," என்றார் முனியன், நிறுத்தி நிறுத்தி. "நான் கூப்ட்டத அடிச்சிடு சார். எனக்கு தாகமே இல்ல."

முதலில் சிரித்தது தாயம்மா. பிறகு எல்லாரும். வயிற்றைப் பிடித்துக்கொண்டும், வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டும் சிரித்தார்கள். சிரிப்பில் முனியனுக்கு இருமல் வந்தது. நான் கடிகாரத்தைத் திருப்பும் முன்பே ஜமீலாவின் கை அவர் முதுகில் இருந்தது.

பக்கம் முழுவதையும் அடித்தேன். 'மாதிரி கெட்டுவிட்டது. மீண்டும் எடுக்க வேண்டும்' என்று ஓரத்தில் எழுதினேன்.

வியாழக்கிழமை மீண்டும் போனேன். இந்த முறை சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அங்கிருந்து கூடம் தெரியும், கூடத்திலிருந்து நான் தெரியமாட்டேன். தாயம்மாவுக்கு மட்டும் தெரியும். அரை மணி நேரத்தில் அவரும் என்னை மறந்துவிட்டார்.

ஐந்து மணி நேரம் இருந்தேன். இருபத்தாறு அழைப்புகள். அதிகபட்சம் மூன்று நிமிடம் நாற்பது விநாடி. இன்னொன்றும் கவனித்தேன். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வலி மருந்து கொடுக்க வேண்டும். யாரும் கேட்கும்வரை ஜமீலா காத்திருக்கவில்லை. வலி எழும் முன்பே மருந்துக் குப்பியோடு கட்டிலருகே நின்றார். அதனால்தான் கூப்பிட்டவர்களில் வலிக்காகக் கூப்பிட்டவர் இரண்டே பேர்.

மூன்றாம் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது. முனியன் புதன்கிழமை மதியம் இறந்துவிட்டார் என்றார் தாயம்மா. அதற்கு முந்தைய நாள் மாலை நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கேட்டாராம். செய்தார்கள். கூடம் முழுக்க நாற்றம். ஒன்பதாம் கட்டில் சைவம், வாயில் வந்தபடி திட்டியது. முனியன் இரண்டு விரல் அளவு சாப்பிட்டுவிட்டு, லாரி ஓட்டிய காலத்தில் எந்த ஊரில் கருவாடு நன்றாக இருக்கும் என்று ஒன்பதாம் கட்டிலுக்கே விளக்கியிருக்கிறார். மறுநாள் தூக்கத்திலேயே போனார். வேம்புலியம்மாள் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். ஆட்டம் பாதியில் நின்றதால் அதை முனியன் ஜெயித்ததாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம்.

அந்தக் கட்டிலுக்கு வேறு இரண்டு பேர் காத்திருந்தார்கள். கஜபதியின் அப்பாவைப் பற்றி ஜமீலாவிடம் சொன்னேன். சனிக்கிழமை மதியம் வரை வைத்திருக்கிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை குழுவில் ஏழு பேர். கஜபதி கதவுக்கு வெளியே நின்றான். பக்தவத்சலம் படிவத்தை வாசித்தார். கெட்டவர் அல்ல. எழுதியதை எழுதியபடி வாசிப்பவர். "குணமடைந்தோர் பூஜ்யம். மொத்தம் முப்பத்தொன்று. ஐம்பது இல்லை. ஒண்ணும் பண்ண முடியாது," என்று ஃபைலை மூடினார்.

நான் எழுந்தேன்.

"தண்டை அளக்கிற கேஜை வெச்சுத் துளையை அளந்தா, எல்லாத் துளையும் ரிஜெக்ட் ஆகும் சார். துளைமேல தப்பு இல்லை. அங்க யாரும் குணமாகப் போறதில்லை. வலி இல்லாம இருக்கிறாங்களா, கூப்பிட்டா ஆள் வருதா, அதைத்தான் அளக்கணும்."

ஏழு பேரும் இரும்பில் வேலை பார்த்தவர்கள். அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்படியானால் சரியான கேஜ் எது என்று ஒருவர் கேட்டார். நோட்டை மேஜைமேல் வைத்தேன். இருபத்தாறு அழைப்பு, அதிகபட்சம் மூன்று நிமிடம் நாற்பது விநாடி. அது நல்லதா கெட்டதா, எதோடு ஒப்பிடுவது என்று அவரே மறுபடி கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் பிரிவில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"போன வருஷம் என் மனைவி இருந்த வார்டில், வலிக்குதுன்னு கூப்பிட்டு ஆள் வந்து நிக்க ரெண்டு மணி பத்து நிமிஷம். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்."

வெளியே ஷாப்பில் ஏதோ இயந்திரம் நின்று மறுபடி ஓடியது.

பக்தவத்சலம் ஃபைலைத் திறந்தார். மேஜை டிராயரிலிருந்து அடிக்கோலை எடுத்து, குணமடைந்தோர் கட்டத்தின் குறுக்கே நேராக ஒரு கோடு போட்டு, 'பொருந்தாது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். என் நோட்டுப் பக்கத்தைப் படிவத்தோடு சேர்த்துக் குத்தினார். நான் கழித்தவற்றையும் திருப்பிச் சேர்த்தார்; மொத்தம் ஐம்பதைத் தாண்டியது. மற்றவர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

"அந்தக் கோழி எதுக்குய்யா அங்க?" என்று கேட்டார் கடைசியில்.

"முட்டை போடுது சார்."

"யாருக்கு?"

"ஏழாம் கட்டிலுக்கு."

அதற்குக் கழித்த மார்க்கை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை.

சனிக்கிழமை காலை தொழிற்சாலை வேனில் துலுக்கானத்தை ஏற்றினோம். பருத்திப்பட்டு தாண்டும்வரை ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் கத்தினார். கஜபதி அவர் இடுப்புக்குக் கீழே தன் இரண்டு கைகளையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டு வந்தான். வேன் நின்றதும் ஜமீலா உள்ளே ஏறி, இறக்குவதற்கு முன்பே மருந்தைக் கொடுத்தார். கொஞ்ச நேரம் அப்படியே விடச் சொன்னார். பிறகுதான் மூன்றாம் கட்டிலுக்குக் கொண்டுபோனோம்.

வேம்புலியம்மாள் அவரைப் பார்க்கத் தன் கட்டிலை விட்டு இறங்கி வந்தார். எந்த ஊர், எத்தனை பிள்ளை, சீட்டா தாயமா என்று வரிசையாகக் கேட்டார். துலுக்கானம் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தார். அரை மணி போயிருக்கும். அந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. தூங்கிவிட்டார்.

கஜபதி நம்பவில்லை. அவர் மூக்குக்கு நேரே கையை வைத்துப் பார்த்தான். இரண்டு முறை பார்த்தான். பிறகு கட்டிலோரம் தரையில் குந்தி, சட்டத்தில் தலையைச் சாய்த்தான். அடுத்த நிமிடம் அவனும் தூங்கிவிட்டான். வாய் திறந்திருந்தது. ஜமீலா வேனைத் திருப்பி அனுப்பினார். வேம்புலியம்மாள் உதட்டில் விரல் வைத்துக் கூடத்தை ஒரு சுற்று பார்த்தார். பன்னிரண்டு கட்டிலிலும் பேச்சு நின்றது. நெடுஞ்சாலையில் போகும் லாரிகள் மட்டும் கேட்டன.

துலுக்கானம் கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கீழே மகனைப் பார்த்தார். நான் அவனை எழுப்பக் குனிந்தேன்.

"வேணாம்," என்றார். கத்திக் கத்திக் குரல் கட்டியிருந்தது. "ரெண்டு மாசமா நான் இவன தூங்க வுடல. கெடக்கட்டும்."

சரி என்றேன். அவர் இடுப்பை மெல்ல அசைத்துப் பார்த்தார். மறுபடி அசைத்தார். முகத்தில் ஒரு சந்தேகம் வந்து, அதன் பின்னால் வேறு ஏதோ வந்தது.

"நைனா, பசிக்குது."

என்ன வேண்டும் என்று கேட்டேன். நீண்ட நேரம் யோசித்தார்.

"போண்டா. சூடா. காரமா சட்னி வெச்சி."

"ஒண்ணுதான்," என்றார் ஜமீலா கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து.

"இன்னாது, அவருக்கு மட்டுமா?" என்றார் வேம்புலியம்மாள். மற்ற கட்டில்களிலிருந்தும் தலைகள் எழுந்தன.

சாலையைக் கடந்து டீக்கடைக்குப் போனேன். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. எத்தனை சார் என்று கேட்டார் கடைக்காரர். எண்ணினேன். கட்டிலுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு. ஜமீலா, தாயம்மா. எழுந்தால் கஜபதி.

பதினாறு என்றேன். ஒன்றைத் தனியாக வாங்கி, மீதி வேகும்வரை அங்கேயே நின்று சாப்பிட்டேன்.