பல்செட்டுக்கு ஒரு லென்ஸ்

பல்செட் செய்கிறவர் சினிமா எடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அந்த ஒரே தைரியத்தில்தான் நம்மவர் இறங்கினார். பகல் ஒரு மணியிலிருந்து ராத்திரி ஒன்பது வரை பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து, மெழுகில் ஈறு பிடித்து, அதில் பல் பதித்து, யார் யாருக்கோ சிரிப்புச் செய்து அனுப்புகிற உத்தியோகம். நாற்பத்தெட்டு வயதில் அவருக்கு ஒரு கதை தோன்றிவிட்டது. தண்ணீர்க் கிளாஸில் ஊறிக்கொண்டிருக்கும் பல்செட் ஒன்று வெளியே ஏறி வந்து, தன் வாய் எங்கே என்று தேடிப் போகிறது. மூன்று நிமிடப் படம். பல்செட்டை மயிரிழை நகர்த்தி ஒரு போட்டோ, இன்னொரு மயிரிழை நகர்த்தி இன்னொரு போட்டோ, இப்படி விநாடிக்குப் பன்னிரண்டு. எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் பல்செட் தானாகவே நடக்கும்.

இதற்கு இருட்டு அறை வேண்டும். வெயில் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அது உள்ளே வந்து விழுந்தால் படம் கந்தல். வீட்டில் இருந்ததோ ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரே ஒரு படுக்கையறை. அந்தப் படுக்கையறைதான் இருட்டு. அந்த இருட்டுக்குச் சொந்தக்காரி அவர் மனைவி. அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். பத்து வருஷமாக ராத்திரி டியூட்டி. காலை எட்டு மணிக்கு வந்து, ஒன்பதுக்குப் படுத்து, நாலு மணிக்கு எழுந்திருப்பாள். அதற்காக ஜன்னலில் அட்டை அடித்து, அதன்மேல் கனமான கறுப்புத் திரை போட்டு, கதவிடுக்கில் துணி செருகி, உச்சிப் பொழுதிலும் தன் கை தனக்குத் தெரியாத இருட்டை அவளே உண்டாக்கி வைத்திருந்தாள்.

"ரெண்டே மாசம்," என்றார் அவர். "அறுபத்தொண்ணாவது நாள் கட்டில் பழைய இடத்துக்கு வந்துடும்."

"அது வரைக்கும் நான் எங்க தூங்கறது?"

"ஹால்ல சோபா இருக்கே. கண்ணு மேல ஒரு துண்டைப் போட்டுக்கிட்டா ராத்திரி மாதிரிதான் இருக்கும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனுஷன் ஆசைப்பட்டு எதையும் கேட்டதில்லை. "சரி, எடுங்க," என்றாள். கட்டில் சுவரோரம் நிமிர்ந்து நின்றது. மேஜை நடுவே வந்து உட்கார்ந்தது. இரண்டுக்கும் சேர்த்து அந்த அறையில் இடமில்லை. மேஜைக் கால்களைத் தரையோடு பசை போட்டு ஒட்டினார். உள்ளே யாரும் நடமாடக் கூடாது, தரை அதிரும் என்று சட்டமும் போட்டார். யாரும் என்று சொல்வதற்கு அந்த வீட்டில் அவரை விட்டால் ஓர் ஆள்தான். அவர் மட்டும் செட்டுக்குக் காவல் என்று ராத்திரி அங்கேயே பாயை விரித்து, பத்து மணிக்குக் குறட்டை விட ஆரம்பித்துவிடுவார்.

எல்லாம் தயார். கேமராதான் இல்லை.

அறையை வாங்கிக்கொண்ட பிறகு கேமராவைத் தேடுவது தொட்டிலை வாங்கிவிட்டுப் பெண் பார்க்கப் போவது போலத்தான். ஆனால் அவர் அதை ஆராய்ச்சி என்று அழைத்தார். காலையில் எழுந்ததும் விமர்சனங்களைப் படித்தார், வீடியோக்களைப் பார்த்தார், பதினேழு கேமராக்களைக் கட்டம் போட்டு ஒப்பிட்டார். சென்சார், கண்ணாடி, மவுன்ட் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தார். அந்த உழைப்பில் கால்வாசி போட்டிருந்தால் பல்செட் இந்நேரம் தன் வாயைக் கண்டுபிடித்து, அதில் உட்கார்ந்து முறுக்கே கடித்திருக்கும். சந்தேகம் வந்தால் ஹாலுக்குப் போய் சோபா அருகே நிற்பார்.

"தூங்கறியா?"

துண்டுக்கு அடியிலிருந்து குரல் வரும். "இல்ல, சொல்லுங்க."

"பெரிய சென்சாரா, சின்னதா? பெரிசுல ஆழம் கம்மியா வரும். முன்பல்லு தெளிவா இருக்கும், கடைவாய்ப்பல்லு மங்கிடும்."

"எல்லாப் பல்லும் தெரியற மாதிரி வாங்கிக்கோங்க."

அதுதான் சரியான பதில். சின்ன சென்சாரே போதும் என்று அர்த்தம். ஆனால் துண்டுக்கு அடியிலிருந்து வந்த பதிலை எப்படி ஆராய்ச்சியில் சேர்ப்பது? மேலும் ஒன்பது நாள் படித்தார்.

பழைய கேமரா விற்கிறவர் ஒருவர் ஊருக்குள் இருந்தார். சந்து மாதிரிக் கடை. எப்போது போனாலும் ரப்பர் பந்தை அமுக்கி ஏதாவது ஒரு லென்ஸுக்குக் காற்று ஊதிக்கொண்டிருப்பார். நம்மவர் தன் பட்டியலை விரித்தார். விநாடிக்கு இருபது படம் எடுக்க வேண்டும், எதிரில் இருப்பது ஓடினாலும் அதன் கண்ணைக் கண்டுபிடித்து ஃபோகஸ் துரத்திக்கொண்டே போக வேண்டும் என்றார்.

"எதை எடுக்கப் போறீங்க சார்?"

"பல்செட்."

கடைக்காரர் ஊதுவதை நிறுத்தினார். "பல்செட்டுக்குக் கண்ணு எங்க சார் இருக்கு?"

நம்மவர் விளக்கினார். கதையையும் சொன்னார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அலமாரியிலிருந்து பழைய கேமரா ஒன்றை எடுத்து வைத்தார். "உங்க சாமானும் நகராது, கேமராவும் நகராது. வேகத்த வெச்சு என்ன பண்ணப் போறீங்க? இது போதும். பேட்டரி வேணாம், நேரா கரன்ட்ல சொருகிடலாம். லென்ஸ் மட்டும் புதுசு வேணாம் சார். புதுசு ஒவ்வொரு போட்டோவுக்கும் உள்ள இருக்கற ஓட்டையத் திறந்து மூடும். போன தடவை மூடின அளவுக்கே இந்தத் தடவையும் மூடும்னு சொல்ல முடியாது. ஓட்டிப் பாத்தா வெளிச்சம் மினுக்கும். பழசுல வளையத்தக் கையால திருப்பி வெச்சா, வெச்ச இடத்துல நிக்கும். ஒரு அம்பது எம்எம், கிட்டப் போக ஒரு மேக்ரோ. அவ்ளோதான்."

இதெல்லாம் நம்மவருக்குத் தெரியாதா? பன்னிரண்டு இடத்தில் படித்திருக்கிறார். ஆனால் முப்பது நாள் ராஜ ஆராய்ச்சி பண்ணிவிட்டு, ஓரம் தேய்ந்த ஒரு கறுப்பு டப்பாவோடு வீட்டுக்குப் போவதா? ஆராய்ச்சிக்கு என்ன மரியாதை? நாலு நாள் கழித்துப் பெரிய கடைக்குப் போய்ப் புத்தம் புதுக் கேமராவும், தானே ஃபோகஸ் செய்யும் பளபளப்பான ஜூம் லென்ஸும் வாங்கி வந்தார். அன்றைக்கு முப்பத்திநாலாம் நாள்.

காலையில் ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார். வீட்டில் எதற்குக் கோட்டு என்றால், பையில் சாமான் வைக்கலாம்; அதைவிட முக்கியம், கண்ணாடியில் பார்க்கும்போது வேலை தெரிந்தவர் மாதிரி இருந்தது. நாற்பது படம் எடுத்து ஓட்டிப் பார்த்தார். பல்செட் நடந்தது. கூடவே வெளிச்சமும் பளிச் பளிச்சென்று துடித்தது, இடி மின்னலில் மாட்டிய பல்செட் மாதிரி. மறுநாள் சந்துக் கடைக்குப் போனார். கடைக்காரர் பழைய அம்பது எம்எம் லென்ஸைத் துடைத்து, புதுக் கேமராவில் மாட்ட ஒரு வளையத்தோடு தயாராக வைத்திருந்தார்.

அதிலும் மினுக்கியது.

மேக்ரோ வாங்கினார். அதிலும் மினுக்கியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம்மவர் கூடத்தில் கோணல் இல்லாத மூலையே இல்லை. லென்ஸில் பூஞ்சை என்றார். பல்பை மாற்றினார். மேல் வீட்டு வாஷிங் மெஷின் கரன்ட்டைக் குடிக்கிறது என்று மாடிக்குப் போய், எத்தனை மணிக்குத் துவைப்பீர்கள் என்று கேட்டு வந்தார். அவர்கள் இவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கடைசியில் சந்தேகம் ஹாலில் ஓடும் ஃபேன் மேல் விழுந்தது. சோபா அருகே போய் நின்றார். நான் படம் எடுக்கிற மூன்று மணி நேரம் மட்டும் ஃபேனை நிறுத்திக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அவள் எழுந்து போய் நிறுத்திவிட்டு மறுபடி படுத்தாள். அப்போதும் மினுக்கியது. ஆனால் ஃபேனை மறுபடி போடலாம் என்று சொல்ல அவருக்கு இரண்டு நாள் மறந்துவிட்டது.

ஐம்பத்தைந்தாம் நாள் காலை அவள் ஒன்பதரைக்குத்தான் வந்தாள். அவர் வாசலிலேயே காத்திருந்தார், கவலையால் இல்லை. இன்னும் இருபது நாள் அறையைத் தர முடியுமா என்று கேட்க வாக்கியத்தைத் தயார் செய்து வாயில் வைத்திருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஏழாம் பெட் மாத்திரைய ஒம்பதாம் பெட்டுக்குக் கொடுத்துட்டேங்க."

"சாப்பிட்டுட்டாரா?"

"வாய்கிட்ட கொண்டு போயிட்டாரு. என்னுது மஞ்சளாச்சே சிஸ்டர், இது வெள்ளையா இருக்கேன்னாரு. அவர் மட்டும் தூக்கக் கலக்கத்துல இருந்திருந்தா... பெரிய சிஸ்டர்கிட்ட நானே சொல்லி, எழுதிக் கொடுத்துட்டு வந்தேன். அதான் லேட்டு. எனக்கு இப்படி ஆனதே இல்லைங்க."

வாயில் இருந்த வாக்கியத்தை அவர் விழுங்கினார். அது சுலபமாக இறங்கவில்லை.

"இன்னிக்கு நீ உள்ளேயே படு," என்றார். சொன்ன கையோடு, "மேஜைல மட்டும் இடிச்சிடாத," என்றும் சொன்னார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் உள்ளே போய்ப் பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். விளக்கை அணைக்கலாமா என்று கேட்டார். "நீங்க உங்க வேலையப் பாருங்க, எனக்கு இப்ப கண்ண மூடினா அந்த மாத்திரைதான் வருது," என்றாள்.

அவர் பல்செட்டை நகர்த்தினார், பட்டனை அமுக்கினார். நகர்த்தினார், அமுக்கினார். மேஜை வந்த பிறகு அவளை அந்த அறைக்குள் விட்டது இதுதான் முதல் தடவை.

"ஏங்க," என்றாள் அவள். "நீங்க கிட்ட நின்னா பல்லு வெளுக்குது. தள்ளி நின்னா மங்குது."

"என்னது?"

"உங்க கோட்டு. ராத்திரி வார்டுல டார்ச்சோட நேரா குனிஞ்சா, வெளிச்சம் எங்க யூனிஃபார்ம்ல பட்டுப் பேஷன்ட் மூஞ்சில அடிக்கும். முழிச்சுக்குவாங்க. அதான் நாங்க பக்கவாட்டுல நிப்போம்."

மூன்று லென்ஸ், நாலு பல்பு, ஒரு வாஷிங் மெஷின், ஒரு ஃபேன். குற்றவாளி கோட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். அவள் வந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அவர் கோட்டைக் கழற்றிப் போட்டுக் கறுப்புச் சட்டை மாட்டிக்கொண்டு பன்னிரண்டு படம் எடுத்தார். ஓட்டினார். வெளிச்சம் அசையவில்லை. சொல்லத் திரும்பினால் அவள் பாயில் சரிந்து தூங்கிவிட்டிருந்தாள்.

இங்கே ஒரு யோக்கியன் விளக்கை அணைத்திருப்பான். நம்மவர் இன்னும் முப்பத்தாறு படம் எடுத்தார். பல்செட் கிளாஸின் விளிம்பில் தொற்றி ஏறி, நின்று, எட்டிப் பார்த்தது. என்ன அழகு. எல்லாம் கூடி வந்துவிட்டது. இதே வேகத்தில் போனால் இன்னும் இருபதே நாள், முழுப் படமும் கையில்.

அவள் தூக்கத்தில் முகத்தைச் சுளித்தாள். முழங்கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டாள். உடனே அவர் ஹாலுக்கு ஓடி அந்தத் துண்டை எடுத்து வந்தார். அவள் முகத்தில் போடக் குனிந்தபோதுதான், தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. வாய்வரை போன ஒரு வெள்ளை மாத்திரை. தூக்கமில்லாமல் அதைக் கொடுத்தவளுக்கு, வெளிச்சத்திலேயே தூங்கு என்று துண்டு போடுகிறோம். வெட்கம் காது வரை சுட்டது.

விளக்கை அணைத்தார். இருட்டில் தடவித் தடவிக் கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றினார். ஒரு நூல் விலகினாலும் மறுபடி அதே கோணம் வராது, மொத்தமும் முதலிலிருந்துதான் என்று தெரியும். தெரிந்துதான் கழற்றினார். அது அங்கேயே நின்றால் நாளைக் காலை தன் புத்தி எங்கே போகும் என்பதும் அவருக்குத் தெரியும். நாற்பத்தெட்டு படம், நாலு விநாடி. கதவிடுக்கில் துணியைச் செருகிவிட்டு வெளியே வந்தார்.

வேலைக்கு வரவில்லை என்று போன் செய்துவிட்டு சோபாவில் படுத்தார். பகலில் அதில் படுப்பது அவருக்கு அதுவே முதல் தடவை. துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டார். வெளிச்சம் துண்டின் நூல் நூலாக உள்ளே வந்தது. தெருவில் ஒரு லாரி பின்னால் வருகிறேன் என்று கத்திக்கொண்டே நின்றது. மாடியில் வாஷிங் மெஷின் உருண்டது. மறுபக்கம் திரும்பினார், வெயில் சுவரில் பட்டு அங்கேயும் வந்தது. தலையணையை முகத்தில் அழுத்தினால் மூச்சு முட்டியது. கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அறையின் வெளிச்சத்தை மீட்டர் வைத்து அளந்து நோட்டில் எழுதியவர், இந்த ஹாலை ஒரு நாள்கூட அளந்து பார்க்கவில்லை.

அவள் சாயங்காலம் ஐந்தரைக்கு எழுந்து வந்தாள். முகம் வீங்கி, தலை கலைந்து, நன்றாகத் தூங்கியவள் முகமாக இருந்தது. அவர் டீ போட்டு வைத்திருந்தார். சோபாவில் கசங்கிக் கிடந்த துண்டையும் அவர் கண்ணையும் பார்த்தாள்.

"என்ன, சோபால படுத்தீங்களா?"

"படுத்தேன். இதுல எப்படித் தூங்கின, அம்பத்தஞ்சு நாளா?"

"தூங்கினேன்னு யார் சொன்னது?" என்று கேட்டுவிட்டு அவள் டீயை எடுத்துக் குடித்தாள்.