சிறகுக் காற்று

நஸ்ருன்னிசா செத்துப்போன கட்டிலில்தான் குல்சும் படுத்திருந்தாள். அது அவளுக்குத் தெரியும். தேக்குச் சட்டத்தில் நாடா பின்னிய கட்டில். மனைவி போய்விட்டாள் என்பதற்காக அப்படியொரு கட்டிலைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது. அது கிடந்த இடமும் மாறவில்லை. முற்றத்துச் சுவரோரம், புறாக்கூண்டுகளுக்கு நேர் கீழே.

மீர்சாகிப்பேட்டையில் அதற்குப் புறா வீடு என்றே பெயர். இனாயத் மவுண்ட் ரோட்டில் ஒரு தையல் கடையில் கோட்டுத் துணி வெட்டுகிறவர். கடையில் அதிகம் பேசமாட்டார், வீட்டில் அதைவிடக் குறைவு. புறாக்களோடு மட்டும் ஓயாமல் பேசுவார். மொத்தம் நாற்பத்திரண்டு. ரேஷன் கடை வாசலில் சனங்கள் கால்கடுக்க நின்ற யுத்த காலத்தில்கூட அவருடைய புறாக்களுக்குக் கம்பு குறைந்ததில்லை.

குல்சும் இரண்டாம் மனைவியாக வந்து பதினாலு மாதம் ஆகிறது. எட்டாம் மாதம் தொண்டையில் அரிப்பு தொடங்கியது. பிறகு வறட்டு இருமல். ஒரு நாள் குழாயடியிலிருந்து குடத்தைத் தூக்கியவள், மூச்சு உள்ளே போகாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சுக்குள் ஏதோ கீச்சுக் கீச்சென்றது. பக்கத்து வீட்டு அஃப்சருன்னிசா தன் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவளையே உற்றுப் பார்த்தாள்.

"அதே சத்தம்டி. அவளுக்கும் இப்டித்தான் ஆரம்பிச்சுது."

"யாருக்கு காலாம்மா?"

"யாருக்கா? உன் புருசனோட மொத பொஞ்சாதிக்குத்தான். மூணு வருசம் இழுத்துக்கினு கெடந்தா. அந்த வூட்ல இன்னாமோ கீது. பொம்பள தங்கறதில்ல, புறா தங்குது. நீ ஒரு தாயத்து கட்டிக்க."

குல்சும் தாயத்து கட்டிக்கொண்டாள். மூச்சு கேட்கவில்லை.

இனாயத் கெட்டவர் இல்லை. அன்றைக்கே வைத்தியத்தைத் தொடங்கிவிட்டார். புறாச் சிறகின் காற்று பட்டால் இழுப்பு நோய் விலகும் என்று அந்தச் சந்து முழுவதும் நம்பியது. கை கால் விழுந்தவர்களைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முற்றத்தில் உட்காரவைத்துப் போவார்கள். காலைத் தொழுகை முடிந்ததும் குல்சுமைக் கட்டிலில் நிமிர்த்தி உட்காரவைப்பார். முக்காட்டை விலக்குவார். பிறகு எல்லாக் கூண்டுகளையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுவார். நாற்பத்திரண்டு ஜோடிச் சிறகுகள் அவள் முகத்துக்கு ஒரு சாண் மேலே படபடத்து எழும்.

"இழு. நல்லா இழு. உள்ள போவட்டும்."

அவள் இழுப்பாள். புறாக்கள் போன பிறகும் வெயிலில் வெள்ளைத் தூள் ஒன்று மிதந்துகொண்டே இருக்கும். மெல்ல இறங்கி அவள் இமைமேல் உட்காரும். அவள் பாட்டுக்கு அதையும் இழுத்துக்கொண்டிருப்பாள்.

நோய் முற்றியது. இனாயத் வேளையைக் கூட்டினார். சாயந்தரம் கூண்டடையும் நேரத்திலும் காற்று பிடிக்கவைத்தார்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து அக்கா ஷாகிரா பார்க்க வந்தவள், குல்சுமின் கழுத்து எலும்புகளைப் பார்த்துவிட்டு உட்காரவே இல்லை. "நீங்களும் வாங்க மாப்பிள்ளை" என்று இனாயத்தையும் கிளப்பிக்கொண்டு சாந்தோமில் டாக்டர் ஆம்ப்ரோஸிடம் போனாள். மாதா கோவிலுக்கு இரண்டு தெரு தள்ளி, சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் குழாயை முதுகில் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"இழுப்புதான், சந்தேகமில்ல. ஆனா எங்கிருந்து வருதுன்னு தெரியணும். வெளிக்காரணம் எதுவும் தெரியாம நெஞ்சு தானே இறுகிக்கிற ஆஸ்துமா ஒண்ணு. வெளில இருக்கிற ஏதோ ஒண்ணு ஒடம்புக்கு ஒத்துக்காம, அது வந்து நெஞ்சை இறுக்குறது இன்னொண்ணு. அதை அலர்ஜின்னு சொல்றாங்க. குழாய் வச்சுக் கேட்டா ரெண்டும் ஒரே சத்தம். சமயத்துல ரெண்டும் சேந்தே இருக்கும்."

"அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?" என்றாள் ஷாகிரா.

"சத்தத்தை விட்டுட்டு எடத்தையும் நேரத்தையும் பாக்கணும். பாய், உங்க வீட்ல வேற யாருக்காவது இது இருந்துதா?"

இனாயத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "மொத சம்சாரத்துக்கு இருந்துது. மவுத்தாயிட்டா."

"எப்பவும் இருந்துதா? நடுவுல நின்னுதா?"

"ஒரே ஒரு வாட்டி. ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு ஊரே காலியாச்சே, அப்ப அவளை வாணியம்பாடிக்கு அனுப்பிட்டேன். ரெண்டு மாசம். ஒரு இருமல் கெடையாது. அந்த ஊர்க் காத்து அப்படி."

"நீங்க போகலையா?"

"நான் எப்படி போறது? புறாவுக்குத் தீனி யார் போடறது?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "திரும்பி வந்தப்புறம்?"

"வந்த மறுநாளே புடிச்சுக்கிச்சு. அதனாலதான் ரெண்டு வேளையும் செறகுக் காத்து புடிக்க வச்சேன். நான் ஒண்ணும் கொறை வைக்கல டாக்டர்." அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

குல்சும் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஏதோ அணைந்தது. அவர் அலமாரியைத் திறந்தார். மூச்சு முட்டினால் மட்டும் போடச் சொல்லி எபிட்ரின் மாத்திரை கொடுத்தார்.

"பத்து நாள் அக்கா வீட்ல இருக்கட்டும். அந்த வீட்டுத் துணி, தலகாணி எதுவும் கூட வரக்கூடாது."

கச்சேரி ரோட்டில் மூன்றாம் நாள் மூச்சு இளகியது. ஐந்தாம் நாள் குல்சும் கிணற்றில் நீர் இறைத்தாள். கடையில் இரண்டு நாள் ராத்திரி வேலை என்று அங்கேயே தங்கிய இனாயத் செவ்வாய்க்கிழமை அங்கிருந்து நேராக வந்து ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். ஒன்றும் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை கூண்டு கழுவிய சட்டையோடு வீட்டிலிருந்து வந்தார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் அவள் நெஞ்சு இறுகிவிட்டது. ஷாகிரா மாத்திரைக்கு ஓடினாள்.

பத்தாம் நாள் மூவரும் போய்ச் சொன்னதும், டாக்டருக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. "புறாதான். எறகுத் தூசி, எச்சம். எல்லாத்தையும் அப்புறப்படுத்துங்க. அது போனப்புறமும் தூசி மாசக்கணக்கா நிக்கும். செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிங்க. அங்க கெடந்த மெத்தை கட்டில் எல்லாத்தையும் எரிச்சிடுங்க."

இனாயத் குல்சுமைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "அப்போ நஸ்ருன்னிசா?" என்றார்.

டாக்டர் குழாயைச் சுருட்டினார். "அவங்களை நான் பாக்கல பாய்."

புறாக்கள் சைதாப்பேட்டைக்குக் கூடை கூடையாய்ப் போயின. மூன்றாம் நாள் நாற்பத்திரண்டும் திரும்பி வந்துவிட்டன. அவை திரும்பி வருவதற்கென்றே பழக்கப்பட்டவை, பழக்கியவர் அவர். இந்தச் செய்தியைக் கச்சேரி ரோட்டுக்குக் கொண்டுவந்த அஃப்சருன்னிசா, "வானத்துல சுத்திக்கினு கீது, இவர் கீழ நின்னுகினு கம்பு டப்பாவ ஆட்டறாரு" என்றாள்.

அடுத்த வாரம் அவரே வந்தார். கடையிலிருந்து இல்லை, வீட்டிலிருந்து. குளித்து, புதுச் சட்டை போட்டு, அத்தர் பூசியிருந்தார்.

"எல்லாம் போச்சு. செங்கல்பட்டுக்காரன் ஒருத்தன் ரயில்ல ஏத்திக்கினு போயிட்டான். றெக்கையை வெட்டித்தான் குடுத்தேன். இனிமே வராது."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் ஷாகிரா. டீ போட உள்ளே போனாள்.

குல்சும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தர் வாசனைக்கு அடியில் தொண்டை மெல்ல அரித்தது. முதலில் அது பயம் என்று நினைத்தாள். பிறகு நெஞ்சைச் சுற்றி ஒரு கயிறு இறுகியது. பிறகு இன்னொரு கயிறு.

"எத்தினி வச்சினு கீறீங்க?" என்றாள்.

இனாயத் தொப்பியைக் கழற்றினார். 

"ஒரு ஜோடி. வெள்ளை. அது அவளோடது. அவ கையால தீனி தின்னது."

"அது கீற வரைக்கும் நான் வரமாட்டேன்."

அவர் எழுந்து நின்று அவளைப் பார்த்தார். "அப்ப நீயும் நம்புற. நான்தான் அவளைக் கொன்னேன்னு."

இல்லை என்று ஒரு சொல் போதும். அதைச் சொல்வதற்கான காற்று அவளிடம் இருந்தது.

"ஆமா" என்றாள்.

மூன்று நாள் அவர் வரவில்லை. நாலாம் நாள் மதியம் மூடிபோட்ட எனாமல் பாத்திரத்தோடு வந்தார். ஷாகிரா மூடியைத் திறந்துவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். மிளகுச் சாற்றில் இரண்டு சின்ன உடல்கள். கால்கள் குழந்தையின் விரல்கள் மாதிரி மடங்கியிருந்தன.

"நானே அறுத்தேன். நானே ஆக்கினேன். சாப்பிடு."

ஷாகிரா வேண்டாமென்று தலையாட்டினாள். குல்சும் தட்டை எடுத்துவந்தாள். சோற்றில் சாற்றைப் பிசைந்து, கறியைப் பிய்த்து, நிதானமாகத் தின்றாள். அவர் தொடவில்லை. அவர் பார்த்தது அவள் வாயை இல்லை. நெஞ்சை. அது ஏறி இறங்குவதைக் கடைசிக் கவளம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு ஒழுங்காகத்தான் இருந்தது.

"சரி, கெளம்பு" என்றார். "இனிமே இருமுனா அது உன் நெஞ்சோட கொணம். புறா மேல பழி போட முடியாது."

டிராமில் ஏறி மீர்சாகிப்பேட்டையில் இறங்கினார்கள். சந்துக்குள் நுழைந்தபோது ஜன்னலுக்கு ஜன்னல் முகங்கள். முற்றத்துச் சுவரில் புதுச் சுண்ணாம்பு கண்ணைக் கூசவைத்தது. கூண்டுகள் இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகள் மட்டும். அந்த வீட்டில் இத்தனை அமைதியை அவள் கேட்டதில்லை.

கட்டில் அதே இடத்தில் கிடந்தது. தட்டித் துடைத்திருந்தார். புதுத் துப்பட்டி விரித்திருந்தார். குல்சும் ஓரத்தில் உட்கார்ந்து துப்பட்டியைத் தூக்கிப் பார்த்தாள். நாடாவின் ஒவ்வொரு பின்னலுக்குள்ளும் சாம்பல் நிறத்தில் மயிரிழை இறகு அடைந்து கிடந்தது. வருஷக்கணக்கான தூசி. தொண்டையில் அரிப்பு எழுந்தது.

இனாயத் வாசல்படியில் நின்றிருந்தார். கதவைச் சாத்திவிட்டார். அவர் கண் அவள் நெஞ்சின்மேல் இருந்தது.

இருமலை விழுங்கிவிடலாம் என்று தோன்றியது. ஒரு மிடறு தண்ணீர், கொஞ்சம் பொறுமை. அந்தத் தேக்குச் சட்டத்தில் தலைமாட்டுப் பக்கம் நகத்தால் கீறிய கோடுகள் இருந்தன. இத்தனை மாதம் அதில் தலைவைத்துப் படுத்தும் அவள் கண்ணில் படாதவை. விழுங்கி விழுங்கிப் பார்த்தவளின் கோடுகள்.

குல்சும் இருமினாள். வாயைப் பொத்தாமல், சந்து முழுவதும் கேட்கிற மாதிரி இருமினாள்.

அவர் படியைவிட்டு இறங்கி ஒரு அடி வைத்தார்.

"கட்டிலு" என்றாள் மூச்சுக்கு நடுவில். "டாக்டர் எரிக்கச் சொன்னாரு. நீங்க எரிக்கல."

"அது அவ படுத்த கட்டிலு."

"தெரியும்."

அவர் இன்னொரு அடி வைத்தார். அவள் முக்காட்டை மூக்குக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தாள். கட்டிலின் ஒரு முனையைத் தூக்கி இழுத்தாள். கால்கள் தரையைக் கீறி அலறின. நாலடி இழுத்து நின்றாள், மூச்சு வாங்கினாள், மறுபடி இழுத்தாள். கதவை முதுகால் தள்ளித் திறந்தாள். எதிர்வீட்டு ஜன்னலில் அஃப்சருன்னிசா வாயில் கைவைத்து நின்றிருந்தாள்.

வாசற்படியில் கட்டில் சிக்கியது. அவள் பல்லைக் கடித்து இழுத்தாள். அசையவில்லை. மறுபடி இழுத்தாள்.

சட்டென்று பாரம் பாதியானது. மறுமுனை தூக்கப்பட்டிருந்தது. அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. பின்பக்கமாகவே நடந்து, தெருவின் நடுவில் வெயிலுக்குப் போய், கட்டிலைக் கீழே போட்டாள்.

"சீமெண்ணெய் கொண்டாங்க" என்றாள்.