தையல்நாயகியின் வலது பாதம்

1

இந்தக் கதை என் புதுச் செருப்பிலிருந்து வந்தது. அது கடித்ததில் குதிகாலில் கொப்புளம் வந்து, கொப்புளம் உடைந்தும் போனது. "தோலை உரிக்காதீங்க, அதான் மூடி. கழுவி, சுத்தமாக் கட்டிட்டு உட்காருங்க" என்றார் டாக்டர். உட்கார்ந்தேன். ஆறினால் வேலைக்குப் போக வேண்டும், எனக்கு அவசரமில்லை. என்னைவிட அவசரமில்லாத ஒருத்தியைத் தேடினேன்.

2

சித்திரை வெயிலில், புருஷன் ஊரான தாமலிலிருந்து காஞ்சிபுரத்துக்கு அவள் வெறுங்காலோடு ஓடி… இல்லை, ஓடவில்லை. நடந்து வந்தாள். 1927 என்று வைத்துக்கொள்வோம். பெயர் தையல்நாயகி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அப்பா மயில்வாகனம் பட்டு நெய்கிறவர். பிறந்த வீட்டு வாசலில் அவள் உட்கார்ந்தபோது, வலது பாதத்தில் கொப்புளம் உடைந்து தோல் தொங்கியது.

"அடிச்சானா?" என்று கேட்டாள் அம்மா தில்லையம்மாள்.

"இல்லமா. அந்த வீட்ல எங்கிட்ட யாரும் பேசறதில்ல. அவரும்தான்."

(அடித்தான் என்றுதான் முதலில் எழுதினேன். நீங்கள் சட்டென்று அவள் பக்கம் வந்துவிடுவீர்கள். ரொம்பச் சௌகரியமாக இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

"பேசலன்னு ஒருத்தி கெளம்பி வந்துடுவாளா?" என்றார் மயில்வாகனம். "கால் ஆறட்டும். நானே கொண்டுபோய் விடறேன்."

3

கட்டுப் போடுவது அம்மா என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு, தில்லையம்மாளுக்குப் புண்ணைப் பார்த்தால் மயக்கம் வரும் என்று ஒரு வரி எழுதி, வேலையை அப்பாவிடம் தள்ளினேன். அவரை எனக்குப் பிடிக்கவில்லை. கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

தினமும் தறியில் உட்காரும் முன் அவள் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுப்பார். தொங்கும் தோலைப் பிய்க்காமல் புண்மேலேயே படியவைத்து, வேகவைத்து உலர்த்திய பழைய வேட்டித் துணியால் கட்டுவார். (வேகவைக்க யார் சொன்னது? பட்டு நூலை வேகவைக்கிற வீடு. தோன்றியிருக்கும்.) சுற்றிலும் சிவந்திருக்கிறதா, சீழ் வைத்திருக்கிறதா என்று பார்ப்பார்.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

முதலில் அவ்வளவுதான் பேச்சு. பிறகு ஒருநாள், தாமல் ஏரி நிரம்பினால் எப்படி இருக்கும் என்று கேட்டார். சொன்னாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். தறி காத்திருந்தது.

பழைய தோல் காய்ந்து உதிர்ந்தது. அடியில் இளஞ்சிவப்பாய்ப் புதுத் தோல். விரலால் அழுத்தினார், அவள் முகம் சுளிக்கவில்லை. மறுபடியும் கட்டினார்.

"ஆறிடுச்சாங்க?" உள்ளேயிருந்து தில்லையம்மாள்.

"இன்னும் ஈரம் இருக்குது."

தையல்நாயகி அவரைப் பார்த்தாள். அவர் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

4

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு கட்டு எத்தனை நாள் தாங்கும்?

அவள் புருஷன் உமாபதி மாட்டு வண்டியும் வண்டிக்காரனுமாக வந்தான். [கொடூரமான மீசையும் சிவந்த கண்… வேண்டாம்.] கூச்சப்படுகிறவன். மாமனாரிடம் மட்டும் பேசினான்.

"அழைச்சிக்கினு போலாம்னு வந்தேன் மாமா."

"காலு ஊன முடியல மாப்ள. இன்னும் ஆறல."

"அதான் வண்டி இருக்குதே."

மயில்வாகனத்திடம் வேறு பொய் இல்லை. நானும் எழுதிவைக்கவில்லை.

தையல்நாயகி குனிந்து கட்டை அவிழ்த்தாள். இரண்டு காலையும் ஊன்றி நின்றாள்.

"கால் ஆறிடுச்சுபா. நான் போகல."

இப்போது அவர் பேச வேண்டும். இரண்டு பதில் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மகளை வண்டியில் ஏற்றுகிறார். மற்றதில் மாப்பிள்ளைக்குச் சாப்பாடு போட்டுத் தனியாக அனுப்புகிறார். இரண்டிலும் என் குரல்தான் இருக்கிறது. அவருடையது எனக்குக் கேட்கவில்லை. மாட்டை அவிழ்க்கட்டுமா, வேண்டாமா என்று வண்டிக்காரன் தெருவிலிருந்து கேட்கிறான். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.