மருந்துச் சக்கை கிடந்த பாலம்

ஷிதான் ஊரில் ஆரஞ்சுப் பழங்கள் மஞ்சள் தட்டத் தொடங்கிய வாரத்தில், நெல் கிடங்கில் எடை போடும் தாவ் மிங்தேயின் மீசையில் பனிக்கட்டி தொங்கியது. மற்றவர்கள் அப்போது வெறும் பனியனோடு விசிறிக்கொண்டிருந்தார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை. மிங்தேயின் உடம்பு ஊருக்கு முன்னால் நடக்கிற உடம்பு. கூட்டுப் பண்ணையைக் கலைத்து நிலத்தை வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்த வருடத்தில் அது தொடங்கியது. முதலில் சில நாட்கள்தான் முந்தினார், பிறகு வாரக்கணக்கில். இப்போது எவ்வளவு முன்னால் போயிருக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. பூ பூக்கிற காலத்திலேயே அவர் முதுகில் வேர்க்குரு வந்துவிடும். இன்னும் பிறக்காத கொசுக்கள் கடித்த தடிப்புகளை அவர் கையில் நாங்கள் எல்லோரும் தொட்டுப் பார்த்திருக்கிறோம்.

இதனால் ஊருக்கு ஒரு குறையும் இல்லை. அவர் தும்மினால் நாற்றுக்கு வைக்கோல் போர்த்தினார்கள். அவர் சட்டையைக் கழற்றினால் அன்று மாலைக்குள் கூட்டுறவுக் கடையில் விசிறி தீர்ந்துபோகும். பக்கத்து ஊர்களில் உறைபனி தோப்புத் தோப்பாகக் கருக்கிய வருடங்களில்கூட ஷிதானில் ஒரு பழம் கெட்டதில்லை. வானொலியில் வானிலை அறிக்கையை நாங்கள் சிரிப்பதற்காக மட்டும் கேட்டோம்.

குறையெல்லாம் அவர் மனைவி குய்ஷியாங்குக்குத்தான். பருவம் மாறும்போது உடம்பும் அதோடு கைகோத்து மாற வேண்டும், முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது என்று வைத்தியர் பெய் சொல்லியிருந்தார். வசந்தத்தில் ஈரலுக்குப் பச்சிலை, இலையுதிர் காலத்தில் நுரையீரலுக்குப் பேரிக்காய், உச்சி வெயில் நாட்களில் முதுகில் மருந்துப் பற்று, குளிர்காலத்தில் சிறுநீரகத்துக்கு ஆட்டிறைச்சிச் சாறு என்பது ஊருக்கெல்லாம் ஒரே கணக்கு. மிங்தேக்கு மட்டும் எல்லாவற்றையும் ஊருக்கு முன்னதாகச் சமைக்க வேண்டும். மரத்தில் பேரிக்காய் கொட்டைப்பாக்கு அளவு இருக்கும்போது பழுத்த பேரிக்காய்க்கு எங்கே போவது? அவள் அந்த வருடத்துப் பழத்தை உலர்த்தி அடுத்த வருடத்துக்கு வைத்தாள். அப்படியும் அவள் பிடிக்கப் பிடிக்க அவர் உடம்பு முன்னால் ஓடியது.

மீசையில் பனி கட்டிய அன்று வைத்தியர் பெய் நாடி பிடித்தார். பிடித்த விரல்களை வெந்நீரில் முக்கி எடுத்துக்கொண்டுதான் பேசினார்.

"நாடி இருக்கும்மா. ஆனா உறைஞ்ச ஆத்துக்கு அடியில ஓடற தண்ணி மாதிரி இருக்கு. அந்தப் பனிக்கட்டி இன்னும் இறுகிடுச்சுன்னா இவன் குளிர்காலத்தைத் தாண்ட மாட்டான்."

"எந்தக் குளிர்காலத்தை வைத்தியரே? ஊரோடதையா, இவரோடதையா?"

"இவனோடதைத்தான். ஊருக்குக் குளிர் வர்றப்போ இவன் இருக்க மாட்டான்."

லவங்கக் குச்சி, இஞ்சி, அதிமதுரம், நாள்பட்ட ஆரஞ்சுத் தோல் எல்லாம் சேர்த்துக் கஷாயம் எழுதிக் கொடுத்தார். கஷாயம் நோயை இளக்கும், ஆனால் வெளியே கொண்டுபோகாது. அதற்கு வடித்த சக்கையைத் தெருவில் கொட்ட வேண்டும். போகிற வருகிற கால்கள் அதை மிதித்து நோயை வாசலைத் தாண்டி இழுத்துப் போக வேண்டும். நோயாளி வீட்டுக் கால் செல்லாது, மருந்து எழுதியவர் காலும் செல்லாது. கொட்டியவள் திரும்பியும் பார்க்கக் கூடாது. இது எங்கள் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும்.

தெரிந்ததுதான் வினையாயிற்று. குய்ஷியாங் கொட்டிய சக்கையை ஷிதான் ஊரே மிதிக்காமல் சுற்றிப் போனது. கிழவர்கள் இளவட்டங்களைப் போலத் தாண்டினார்கள். கண் தெரியாத ஜோசியர்கூட முகர்ந்து பார்த்து ஒதுங்கிப் போனார். மிங்தே குணமானால் அடுத்த உறைபனியை யார் சொல்வது? அன்பில்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. மெத்தை கொடுத்தார்கள், கரி கொடுத்தார்கள், உயிரோடு கோழி கொடுத்தார்கள். எல்லாம் கொடுத்தார்கள், ஒரு காலடியைத் தவிர. அவள் சக்கையைச் சுமந்துபோய் நெடுஞ்சாலையில் கொட்டினாள். அங்கே லாரிகள்தான் ஏறிப் போயின, சக்கரத்துக்கு நோய் ஒட்டாது.

வாரங்கள் போய்ப் பழங்கள் பழுத்தபோது மிங்தேயின் இமைகள் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன. அவர் படுத்திருந்த அறையில் தேநீர் கோப்பையோடு கெட்டியானது. மீன் வியாபாரி ஒருவன் அந்த அறையின் வெளிச் சுவரில் மீனைச் சாத்தி வைத்து மூன்று நாள் கெடாமல் விற்றான். குய்ஷியாங் அழவில்லை. வடித்த சக்கையையெல்லாம் ஒரு ஜாடியில் சேர்த்தாள். சந்தை நாள் காலையில் அதைத் தூக்கிக்கொண்டுபோய், ஊருக்கும் சந்தைக்கும் நடுவில் இருக்கும் ஒரே பாலத்தில் இந்தக் கைப்பிடிச் சுவரிலிருந்து அந்தக் கைப்பிடிச் சுவர் வரை, எந்த வீரனும் தாண்ட முடியாத அகலத்துக்குப் பரப்பினாள். பிறகு அக்கரை முனையில் பாலத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். பின்னால் நடப்பது எதையும் பார்க்க முடியாது, காதால் கேட்க மட்டும்தான் முடியும்.

முதலில் வந்த காலடிகள் நின்றன. அவற்றின் பின்னால் வந்தவையும் நின்றன. தோளில் காவடிக் கூடைகளோடு ஊரே பாலத்தில் நெருக்கியது. யாரோ ஓட்டி வந்த வாத்துகள் சக்கையைக் கண்டதும் ஆற்றில் குதித்த சத்தம் கேட்டது.

"என்ன அண்ணி இது, பாலத்தை மெழுகி வச்சிருக்கீங்க?" என்றது ஒரு குரல். அது ஊரிலேயே பெரிய தோப்புக்காரன் குவாங்.

"நடந்து வாங்க தம்பி. சந்தைக்கு நேரமாகுதில்ல?"

"சுத்திப் போக இடம் விடலையே."

"ஆத்துல இறங்கிப் போங்க."

ஆறு மழைத் தண்ணீரோடு தூணை இடித்துக்கொண்டு ஓடியது. கூட்டத்துக்குள்ளிருந்து டோஃபு விற்கும் லியாவ் அக்கா கத்தினாள். "என் டோஃபு புளிக்குதுடி குய்ஷியாங். நான் உனக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யலக்கா. கோழி குடுத்தீங்க. கால்தான் குடுக்கல."

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். வெயில் ஏறியது. கூடைகளில் மீன்கள் வாய் பிளந்தன. வைத்தியர் பெய், சுமையோடு யாரும் போக முடியாத தூரத்தில் இருந்த பக்கத்து ஊர்ப் பாலம் வழியாகச் சுற்றி, மூச்சிரைக்க அக்கரைக்கே வந்து அவள் காதில் சொன்னார். மிங்தேயின் மூச்சில் இப்போது ஆவி வரவில்லை, மூச்சே குளிர்ந்துவிட்டது.

"அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாது அண்ணி. போன வருஷமும் இப்படித்தான் நடுங்கினாரு. இன்னும் ரெண்டு மூட்டை கரி அனுப்பறேன்" என்றான், வைத்தியர் வந்த வேகத்தைப் பார்த்த குவாங்.

குய்ஷியாங் கழுத்தைத் திருப்பாமல் பேசினாள். "அவர் செத்துப்போனா பொணத்துக்கிட்டயா வந்து கேப்பீங்க தம்பி, பனி எப்பன்னு? பொணம் எல்லாப் பருவத்துலயும் சில்லுனுதான் இருக்கும்."

பிறகு ஒரு செருப்பு கழன்றது. உலர்ந்த இஞ்சி நசுங்கும் சத்தம் ஒன்று, ஒரே ஒன்று. அடுத்து, கூடைகள் தொப்பென்று விழுந்தன. அந்தக் கால்கள் ஊர்ப்பக்கமாகத் திரும்பித் தலைதெறிக்க ஓடின. மிதித்த ஒருவனும் பயந்து ஓடிவிட்டான் என்று குய்ஷியாங் நினைத்தாள். அவள் கையிலிருந்த வெறும் ஜாடி நழுவி உடைந்தது.

நடந்தது வேறு. சக்கை பட்டதும் குவாங்கின் வலது கால் பெருவிரல் விறைத்து வெளுத்து, நகத்தின் மேல் உறைபனி பூத்தது. இத்தனூண்டு விரல் ஊரைவிட எவ்வளவு தூரம் முன்னால் போய்விட முடியும்? நாலைந்து நாள் போகலாம். அப்படியென்றால் பனி நாலைந்து நாளில் வருகிறது, பழமெல்லாம் மரத்தில் இருக்கிறது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் அவன் தோப்புக்கு ஓடிவிட்டான்.

லியாவ் அக்காவுக்கு அவனைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். "அவன் சும்மா ஓடற ஆளா? விரலுக்குள்ள சேதி வந்திருக்கு. நாம மட்டும் மரம் மாதிரி நிக்கறோம். மிதிங்கடா."

பத்து நிமிடத்தில் ஷிதான் தன் வரலாற்றிலேயே பெரிய அடிதடியைப் பார்த்தது. சக்கைக்காக ஒருவர் தலைமயிரை ஒருவர் பிடித்தார்கள். கைப்பிடிச் சுவரில் ஒட்டியிருந்ததைக்கூடக் குதிகாலால் வழித்தார்கள். கண் தெரியாத ஜோசியர் படுத்து உருண்டார். கால் எட்டாதவர்கள் மிதித்தவர்களின் செருப்பை மிதித்தார்கள். ஒருவருக்கு முழங்கால் முந்தியது, ஒருவருக்குக் காது மடல், லியாவ் அக்காவுக்கு இடது புட்டம். கடைசியாக வந்த பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒரு புருவம்தான் கிடைத்தது. குய்ஷியாங் மட்டும் முதுகைக் காட்டியபடியே நின்றாள். வீட்டில் மிங்தேயின் மீசை சொட்டி முடிந்து, அவர் போர்வையை உதைத்துத் தள்ளி, ஏன் ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறீர்கள் என்று ஆளில்லாத அறையைப் பார்த்துக் கேட்டார்.

நான்காம் நாள் உறைபனி இறங்கியது. எங்கள் தோப்புகளில் பழம் இல்லை, எல்லாம் வீடுகளுக்குள் இருந்தது.

அதன் பிறகு ஷிதானில் விதைப்பு, அறுவடை, கல்யாணம் எதுவானாலும் நாலு பேர் உட்கார்ந்து முழங்காலையும் காதையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நாள் குறிக்கிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பையனுக்கு எந்த இடம் முந்தும் என்று முதலில் விசாரிக்கிறார்கள். மிங்தேயும் குய்ஷியாங்கும் மட்டும் விதிவிலக்கு. அவர்கள் கால் அந்தச் சக்கையில் படவில்லை. வானம் வெளுத்திருக்கும் ஒரு பிற்பகலில் ஊரே குடையை விரித்துக்கொண்டு கடை ஓரங்களில் ஒதுங்கி நிற்கும். அவர்கள் இருவரும் நடுத்தெருவில் முள்ளங்கி வாங்கிக்கொண்டு, இவர்கள் எல்லாம் ஏன் நம்மையே பார்க்கிறார்கள் என்று யோசித்தபடி வருவார்கள். மழை கொட்டும். இரண்டு பேரும் ஒரே மழையில், ஒரே நேரத்தில் நனைந்து, அவசரமில்லாமல் வீட்டுக்கு நடப்பார்கள்.