இரண்டு மல்கே ஹத்தாத்

மூன்றாவது ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்து முடித்ததும் பஸ்ஸே கிழவி எழுந்து நின்றாள். எழாமல் இருந்தால்தான் அதிசயம். சிரியாவில் எங்கள் கமிஷ்லி ஊரில் ஒரு கல்யாணமாவது அவள் வாய் படாமல் நடந்ததுண்டா?

“அபூனா, பொண்ணும் ஹத்தாத், மாப்பிள்ளையும் ஹத்தாத். அண்ணன் தங்கச்சிக்கா ஓலை வாசிக்கிறீங்க?”

கோயிலில் பாதிப் பேர் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹத்தாத் என்றால் கொல்லன். சுத்தியல் பிடித்தவன் எவனாக இருந்தாலும் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பதிவு ஆபீசில் அந்தப் பெயரைத்தான் எழுதி வைத்தார்கள். எங்கள் சுரியானிக் கிறிஸ்தவர்களில் எத்தனை ஹத்தாத், கடைத்தெருவில் முஸ்லிம் ஹத்தாத் எத்தனை! எல்லாரும் ஒரே வயிற்றிலா பிறந்தார்கள்?

பாதிரியார் அபூனா அஃப்ராம் சின்ன வயசு, சட்டம் பார்க்கிறவர். பூசை முடிந்ததும் இரண்டு வீட்டாரையும் உள்ளறைக்கு அழைத்தார். எங்கள் பக்கம் நானும் என் கொழுந்தன் மல்கேயும். நான் புருஷனைப் பறிகொடுத்தவள், அவர்தான் எங்களுக்கு ஆண் துணை. அந்தப் பக்கம் மாப்பிள்ளை ஷாபோவும் அவன் தாய் வர்தேயும். அவளும் என்னைப் போல விதவைதான். என் மகள் ஷ்மூனி கதவோரம் நின்றாள். ஷாபோ இல்லையென்றால் யாருமே வேண்டாம் என்று மூன்று வருஷமாக ஸ்வீடனில் குடியேறிய மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியவள் அவள்.

அபூனா ஏழு தலைமுறை சொல்லச் சொன்னார். கொழுந்தன் எங்கள் பூர்வீக ஊர் மித்யாத்திலிருந்து தொடங்கினார், வர்தே அவர்கள் ஊர் ஆஸெக்கிலிருந்து. எந்தப் பாட்டனும் எந்தப் பாட்டனோடும் முட்டவில்லை.

“ரத்த சம்பந்தம் இல்ல,” என்றார் அபூனா. ஷாபோ பெருமூச்சு விட்டான். நான் விடவில்லை.

என் பயம் ரத்தத்தைப் பற்றியதே இல்லை. ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து பிள்ளையைத் தூக்குகிறவன் அதற்கு ஞானத்தகப்பன். அவன் பிள்ளைகள் அதற்கு உடன்பிறப்புகள். அந்த வீட்டில் சம்பந்தம் செய்வது எங்களுக்குப் பெரும்பாவம். எந்த அபூனாவும் கட்டிவைக்க மாட்டார். ஷ்மூனியைத் தூக்கியவன் ஷாபோவின் அப்பன்.

என் புருஷன் செத்து ஒரு மாதம் அப்போது. பிள்ளைக்கு நெருப்பாய்க் காய்ச்சல், உயிர் போகும் முன் ஞானஸ்நானம் கொடுத்தாக வேண்டும். தூக்க வேண்டிய கொழுந்தன் ஹோம்ஸில் பட்டாளத்தில் இருந்தார், லீவு கிடைக்கவில்லை. கோயில் கதவுக்குக் கீல் வைக்க வந்த ஒரு கொல்லனை அப்போதிருந்த கிழ அபூனா கூப்பிட்டார். “நீயும் ஹத்தாத்தானே, வா, தூக்கு.” தூக்கினான், போய்விட்டான். அவன் பெயரும் மல்கே என்று மட்டும் காதில் விழுந்தது. யார் வீட்டுக்காரன் என்பது போன மாதம் வர்தே வீட்டுச் சுவரில் செத்துப்போன அவள் புருஷன் படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

அபூனா பழைய ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டினார். அவர் விரல் ஓர் இடத்தில் நின்றது.

“ஷ்மூனியத் தூக்கினது மல்கே ஹத்தாத்னு இருக்கு. அவரோட அப்பா பேர் எழுதல. மாப்பிள்ளையோட அப்பா பேரும் மல்கேதானே? இது எந்த மல்கே?”

கொழுந்தன் என்னைப் பார்த்தார். தான் அன்று ஹோம்ஸில் இருந்தது அவருக்குத் தெரியாதா? யாரோ ஒரு கொல்லன் தூக்கினான் என்று நானே அவருக்குக் கடுதாசி போட்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் மிச்சத்தையும் புரிந்துகொண்டார். அவர் கோயில் ஷம்மாஷ். இருபது வருஷமாகப் பீடத்தருகே நின்று பாடுகிறவர். தன் காய்கறிக் கடையில் தக்காளி அடிபட்டிருந்தால் அதையும் சொல்லிவிட்டுத்தான் விற்பார். சொல்லித் தொலைக்கப் போகிறார், என் மகள் வாழ்க்கை முடிந்தது என்று நினைத்தேன்.

“சொல்லுங்க மல்கே. பீடத்துக்கு முன்னால நிக்கிறவர் நீங்க. உங்க வார்த்தை போதும்,” என்றார் அபூனா.

கொழுந்தன் ஷ்மூனியைப் பார்த்தார். அவள் முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“நான்தான் அபூனா,” என்றார். “நான்தான் தூக்குனேன். சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சு.”

அபூனா புத்தகத்தை மூடினார். கல்யாணத்துக்கு நாள் குறித்தார்.

முற்றத்தில் வர்தே என் கையைப் பிடித்து இழுத்தாள். “நனைஞ்சது என் புருஷன் சட்டை, அதத் துவைச்சது நான்டீ. ஞானஸ்நான எண்ணெய்க் கறை போகவே இல்ல.”

நான் அவளைச் சுவரோரம் இழுத்தேன். “தெரிஞ்சுமா சும்மா இருந்தே?”

“நீ அந்தப் படத்தப் பாத்ததுலேர்ந்து, எங்க சொல்லிடுவியோன்னு ஒரு மாசமா தூங்கல. எனக்கு மட்டும் பிள்ளை இல்லையா?”

இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம். பார்க்கிறவர்கள் சம்பந்திகள் சந்தோஷத்தில் அழுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். கொழுந்தன் கடைசியாக வெளியே வந்தார். நான் வாய் திறக்கும் முன் கையைக் காட்டி நிறுத்தினார்.

“கல்யாணத்த நல்லா நடத்துங்க அண்ணி. எல்லாத்துக்கும் நான் நிக்கிறேன். பாட மட்டும் கூப்பிடாதீங்க. இனிமே பீடத்துக்கிட்ட போக மாட்டேன்.”