இரண்டு நிமிடச் சோதனை

அன்று காலை பத்தரை மணிக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்குச் சொந்தக்காரரான பெரியப்பா. அவர் மனைவி பெரியம்மா. பெரியப்பாவின் காலஞ்சென்ற தம்பிக்கு இரண்டாவது மகள், குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் சின்னவள். அவளுக்குப் பரீட்சை வைக்க வந்த பயிற்சிக்கூடத்துப் பரீட்சகர். பெரியப்பா தன் மகளைக் கொடுத்த இடத்துச் சம்பந்தி. நேரில் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளும் மற்றவர்கள் யாரும் அன்று அந்தத் தெருவிலேயே இல்லை.

பெரியப்பா நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தோரு வருடத்தில் அவர் மேசையைத் தாண்டிப் போன கோப்பில் ஒரு தாள் குறைந்ததில்லை. வீட்டில் இருக்கும்போதும் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்ற மாட்டார். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்தது கிடையாது. தம்பி போன பிறகு, அவன் மனைவியையும் இரண்டு பெண்களையும் அடுத்தவர் வாய்க்கு அவலாகாமல் காப்பது தன் கடமை என்று எடுத்துக்கொண்டவர். அதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

சின்னவள் வேலை பார்த்த காப்பீட்டு அலுவலகம் ஒரு நாள் திடீரென்று மூடப்பட்டது. பெரியப்பா தனக்குத் தெரிந்த இரண்டு வக்கீல்களிடம் அவளுக்காகச் சொல்லி வைத்தார். அவளோ, வீடுகளுக்கு எரிவாயு இணைப்புக் கொடுக்கும் வேலையைப் படிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு வந்து நின்றாள்.

“கேஸ் வேலைன்னா? சிலிண்டர் தூக்கற வேலையா?”

“இல்ல பெரியப்பா. தெருவிலேருந்து வீட்டுக்குள்ள வருதே, அந்த லைன். அடுப்பு, வாட்டர் ஹீட்டர் எல்லாம் மாட்டறது, கசிவு இருக்கான்னு சோதிக்கிறது, சர்வீஸ் பண்றது.”

“ஊரான் வீட்டு அடுப்படியில மண்டி போடறதுக்கா உங்கப்பன் உன்னைப் பட்டம் வாங்க வெச்சான்?”

“ஆபீஸ்ல எட்டு வருஷம் நாற்காலியில உட்கார்ந்தேன். அவங்க நாற்காலியையே எடுத்துட்டாங்க. முட்டியை யாரும் எடுக்க முடியாதில்ல?”

பெரியம்மா சிரித்துவிட்டாள். பெரியப்பா மூன்று வாரம் சின்னவளோடு பேசவில்லை.

நாலாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு கனத்த பையோடு வந்து, சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். சிறிதும் பெரிதுமாக நான்கு ஸ்பானர். செப்புக் குழாயைச் சுற்றிச் சுற்றி அறுக்கும் பைப் கட்டர். அறுத்த விளிம்பின் பிசிரை வழிக்கும் சின்னக் கத்தி. மரையில் சுற்றும் மஞ்சள் டேப். கசிவு உள்ள இடத்தில் நுரை கிளம்பச் செய்யும் ஸ்ப்ரே. தலையில் மாட்டும் டார்ச். கடைசியாக, துணியில் சுற்றிய ஒரு நீண்ட பலகை. அதில் வளைந்த கண்ணாடிக் குழாய், உள்ளே பாதி வரை தண்ணீர், பக்கத்தில் வாயுவின் அழுத்தத்தைக் காட்டும் அளவுகோடுகள். ஒவ்வொரு கருவியின் பிடியிலும் ஆரஞ்சு நிற நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்திருந்தாள்.

“இது என்ன, ஸ்பானருக்குப் பொட்டு வெச்சிருக்கே?” என்றாள் பெரியம்மா.

“வகுப்புல பதினாறு பேர் பெரியம்மா. பதினஞ்சு பேர் ஆம்பளைங்க. எவன் எதைத் தூக்கினாலும் இந்தக் கலரைப் பார்த்ததும் தீயைத் தொட்ட மாதிரி கீழே வெச்சிடறான்.”

பெரியப்பா அவளோடு பேச்சை மறுபடி தொடங்கியது அந்தக் கண்ணாடிக் குழாயைப் பற்றிக் கேட்டுத்தான். அடுக்கி வைத்த ஒழுங்கு அவருக்குப் பிடித்துப்போயிற்று. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அதன் பிறகு ஞாயிறுதோறும் அவள் அங்கே வந்து உட்கார்ந்து படித்தாள். சத்தம் போட்டுப் படிப்பது அவளுக்குச் சின்ன வயதுப் பழக்கம். பெரியப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். ‘பிரதான வால்வை மூடி, கருவியை இணைத்து, வால்வைச் சற்றே திறந்து குழாயில் வாயுவை நிரப்பி, மறுபடி மூடவும். ஒரு நிமிடம் நிலைப்படுத்தவும். பின்பு இரண்டு நிமிடம் கவனிக்கவும். நீர்மட்டம் இறங்கினால் கசிவு உண்டு.’ இதை அவள் இருபது தடவையாவது படித்திருப்பாள். அவருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அடுத்த பக்கத்துக்கு அவள் போகும்போது பெரும்பாலும் அவர் குளிக்கப் போயிருப்பார்.

இறுதிப் பரீட்சையை யாராவது ஒருவர் வீட்டில், நிஜமான இணைப்பில் நடத்திக் காட்ட வேண்டும் என்பது பயிற்சிக்கூடத்தின் விதி. கூடப் படிக்கும் ஒருவனுடைய புது வீட்டில் ஏற்பாடு செய்திருந்தாள் சின்னவள். பரீட்சையில் தேறினால், அடுத்த தெருமுனையில் இருக்கும் நிறுவனத்தில் ஒன்றாம் தேதியிலிருந்து வேலை. சேர்த்துக்கொள்வதாகக் கடிதமே கொடுத்துவிட்டார்கள். கையில் தேர்ச்சி அட்டை வர வேண்டியதுதான் பாக்கி.

“நம்ம வீடு இருக்கறப்ப எவனோ ஒருத்தன் வீட்டுல எதுக்குப் பரீட்சை?” என்றார் பெரியப்பா.

“உங்க லைன் பழசு பெரியப்பா. அது புது வீடு.”

“பழசுன்னா? நான் பக்கத்துல நின்னு போட வெச்ச லைன். இன்னிக்கு வரைக்கும் ஒரு பொட்டுக் குறை கிடையாது.”

அவள் பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா கண்ணாலேயே ‘விடு, ஒத்துக்கோ’ என்றாள். அவள் ஒத்துக்கொண்டாள்.

சம்பந்தியை யாரும் அழைக்கவில்லை. விஷயம் காதில் விழுந்து, வேடிக்கை பார்க்க வந்தவர் அவர். வீடு கட்டி விற்பவர், வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவர். சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

சின்னவள் தலைமுடியை இறுக்கிக் கட்டி, நீலச் சீருடையில் வந்திருந்தாள். முதலில் எல்லாச் சன்னல்களையும் திறந்தாள். வால்வும் மீட்டரும் வீட்டின் பக்கவாட்டுச் சுவரில், வெளியே ஒரு பெட்டிக்குள் இருந்தன. கருவியை இணைக்கும் முனை உள்ளே, அடுப்புக்குப் பின்னால். புத்தகத்தில் உள்ளபடியே எல்லாம் செய்தாள். பரீட்சகர் அட்டையும் பேனாவுமாகப் பின்னாலேயே நடந்தார். கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே வரும்படி வால்வை மூடி, ‘திறக்காதீர்கள்’ என்று எழுதிய சிவப்புச் சீட்டை அதில் கட்டினாள். உள்ளே வந்து, மண்டியிட்டு, தண்ணீரைப் பார்த்தாள்.

தண்ணீர் இறங்கியது. அதிகமில்லை, இரண்டு கோடு.

“சார், லைன்ல கசிவு இருக்கு,” என்றாள் சின்னவள்.

சம்பந்தி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். “கோர்ட்டுல எத்தனை ஆயிரம் கேஸ் பாத்தீங்க சம்பந்தி! வீட்டுக்குள்ள இருக்கற கேஸ் தெரியாமப் போச்சே!”

பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பெரியப்பாவின் காது மடல் சிவந்துவிட்டது. “இந்த வீட்டுல கசிவு கிசிவு எதுவும் கிடையாது. கருவியில ஏதாவது இருக்கும்,” என்றார்.

“ஒரே தடவை பாத்துட்டு முடிவு சொல்லக் கூடாதும்மா. முழுசா இன்னொரு தடவை செய்,” என்றார் பரீட்சகர்.

அவள் கருவியின் இணைப்பைச் சரிபார்த்தாள். வெளியே போய் வாயுவை நிரப்பி, வால்வை மூடி, சீட்டைக் கட்டிவிட்டு வந்து மண்டியிட்டாள். இந்தத் தடவை பரீட்சகர் கூடப் போகாமல் கருவியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நிலைப்படுத்தும் ஒரு நிமிடம் தொடங்கியது. எல்லோர் கண்ணும் கண்ணாடிக் குழாயின் மேல் இருந்தது. பெரியப்பா வாசல் பக்கம் நடந்தார். அவர் அவமானத்தில் ஒதுங்குகிறார் என்றுதான் பெரியம்மா நினைத்தாள்.

அவர் மனதில் ஓடிய கணக்கு இவ்வளவுதான். மட்டம் இறங்கினால் கசிவு. இறங்காவிட்டால் கசிவு இல்லை. குறைகிற வாயுவைத் தெருக் குழாய் ஈடு கட்டிவிட்டால் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். வீட்டுக்கும் சொல் வராது, பெண்ணும் தேறிவிடுவாள், சம்பந்தியின் வாயும் மூடும். சிவப்புச் சீட்டின் முடிச்சை அவிழ்த்தார். கைப்பிடியை ஒரு நூலளவு திருப்பினார். ஆயுள் முழுக்க ஒரு காகிதத்தையும் கீழே போட்டறியாத மனிதர், சீட்டை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

தண்ணீர் நிற்கவில்லை. மேலே ஏறிக்கொண்டிருந்தது.

சின்னவளின் நெற்றி சுருங்கியது. பரீட்சகர் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

“கீழ போனா கசிவு. மேல ஏறினா வால்வு மூடலைன்னு அர்த்தம். புத்தகத்துல அடுத்த பக்கத்துலயே இருக்கு. வால்வு லேசாத் திறந்து கிடக்கு, சீட்டையும் காணோம். என்னம்மா இது?”

“மூடினேன் சார். சீட்டும் கட்டினேன்.”

“அப்ப யார் திறந்தது?”

சின்னவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பெரியப்பாவிடம் வந்ததும் அவள் பார்வை அவர் சட்டைப் பையில் இறங்கி நின்றது. வெள்ளைச் சட்டை. பைக்கு மேலே சிவப்பாக ஒரு மூலை எட்டிப் பார்த்தது. அவர் நிமிர்ந்தபடியே நின்றார். ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு அப்போது நேரம் இருந்தது. தாராளமாக இருந்தது.

“இந்தத் தடவை மூட மறந்துட்டேன் போல இருக்கு சார்,” என்றாள் சின்னவள்.

பரீட்சகர் நெடுநேரம் எழுதினார். “முதல்ல கசிவுன்னு சொன்னே பாரு, அப்பவே தேர்ச்சி போட இருந்தேன். வீட்டுல கசிவு இருந்தா அது உன் தப்பில்ல. கண்டுபிடிக்கிறதுதான் உன் வேலை. ஆனா வால்வைத் திறந்து விட்டுட்டு வர்ற ஆளை ஒரு குடும்பம் குடியிருக்கற வீட்டுக்குள்ள என்னால அனுப்ப முடியாதும்மா. இதுல கையெழுத்துப் போடு. ஆறு மாசம் கழிச்சுத்தான் மறுபடி வரலாம்.”

அவள் கையெழுத்துப் போட்டாள். கருவிகளைத் துடைத்துத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். சம்பந்தி கூட அப்போது ஜோக் அடிக்கவில்லை. சாயங்காலம் எரிவாயு நிறுவனத்து ஆள் வந்து அடுப்புக்குப் பின்னால் சுவரை உடைத்து, பச்சை பூத்துப்போயிருந்த, முழங்கை மாதிரி வளைந்த ஒரு குழாய் இணைப்பைக் கழற்றிப் பெரியப்பாவின் கையில் கொடுத்தான். “இத்தனை நாள் இதை வெச்சுக்கிட்டா சமைச்சீங்க?” என்று கேட்டான்.

அன்றைக்கே பெரியப்பா பயிற்சிக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தேதி, நேரம், நடந்தது, செய்தவர் பெயர், எல்லாம் ஒழுங்கு. நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம், அப்படி ஒரு கடிதம். எழுதி, உறையில் போட்டு, மேசை இழுப்பறைக்குள் வைத்தார். தபாலில் போட்டால் சம்பந்தி வீட்டுக்கு எட்டும், மகள் அங்கே தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்று ஒரு நாள் நினைத்தார். சின்னவளே வந்து கேட்டால் போட்டுவிடலாம் என்று ஒரு நாள். அவள் வந்து கேட்கவில்லை. பதினோரு நாள் போயிற்று. பன்னிரண்டாம் நாள் ஒன்றாம் தேதி. தெருமுனை நிறுவனத்தில் அந்த இடத்துக்கு வேறு ஒருவன் வந்து சேர்ந்தான். அன்று மாலை பெரியப்பா கடிதத்தைத் தபாலில் போட்டார்.

பயிற்சிக்கூடத்திலிருந்து நாலு வரியில் பதில் வந்தது. வால்வை மூட மறந்ததாக விண்ணப்பதாரரே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறார், குடும்பத்தார் பின்னால் அனுப்பும் கடிதத்தை வைத்து முடிவை மாற்ற முடியாது. இந்த மாதிரி பதில்களைத் தன் கையாலேயே எத்தனையோ பேருக்கு எழுதி அனுப்பியவர் அவர். அதில் ஒரு சொல்லும் தவறில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

பதிலை எடுத்துக்கொண்டு சின்னவள் வீட்டுக்கு நடந்தார். இரண்டு தெருதான். அவள் வாசல் படியில் உட்கார்ந்து ஒரு செப்புத் துண்டை அறுத்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா நீ சொல்லல?”

“என்னன்னு சொல்ல? சம்பந்தி மாமாவை வெச்சுக்கிட்டு, எங்க பெரியப்பா திருட்டுத்தனமா போய் வால்வைத் திறந்தாருன்னா?”

“சொல்லியிருக்கலாம்.”

“நீங்க சொல்லியிருக்கலாம் பெரியப்பா.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அறுத்த விளிம்பில் விரலை வைத்துப் பிசிர் இருக்கிறதா என்று பார்த்தபடியே சொன்னாள். “உள்ள வாங்க, காபி போடறேன்” என்றாள். அவர் உள்ளே போய், காபியைக் குடித்துவிட்டுத் திரும்பி நடந்தார். வழியில் சட்டையின் மேல் பொத்தான் கழன்றிருந்ததை வீட்டில் பெரியம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

ஆறு மாதம் கழித்து, கூடப் படித்தவனின் புது வீட்டில் அவள் பரீட்சை கொடுத்துத் தேறினாள். உள்ளூரில் இடம் இல்லை. ரயிலில் ஐந்து மணி நேரம் போக வேண்டிய ஊரில் வேலை கிடைத்து, அம்மாவையும் அழைத்துக்கொண்டு போய்விட்டாள். விசேஷங்களுக்கு வருகிறாள், பெரியப்பாவைப் பார்த்து மரியாதையாக விசாரிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியப்பா மேசையெதிரில் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டு உட்காருகிறார். வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் படிப்பதில்லை.

உறவில் இன்றைக்கும் ஒரு பேச்சு நடக்கிறது. முதல் பரீட்சையில் அந்தப் பெண் வால்வை மூட மறந்துவிட்டாள், பெரியப்பா அவளைக் காப்பாற்றுவதற்காகப் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு கடிதம் எழுதினார், எப்பேர்ப்பட்ட மனிதர் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அப்படி இல்லை. அவள் வால்வை இரண்டு தடவையும் மூடினாள். திறந்தவர் பெரியப்பா.